பன்னிரண்டு வார மாவும் நவமணியின் மாத்திரையும்

1

இந்தக் கதை என்னுடையது அல்ல. ஆஸ்பத்திரி வராந்தாவில் ரத்தம் எடுக்கக் காத்திருந்தபோது, பக்கத்து நாற்காலிப் பெண் சொன்னது. எழுதிக்கொள்ள அனுமதித்தாள். பெயரை மட்டும் மாற்றச் சொன்னாள், மாற்றிவிட்டேன்.

நாங்கள் இருவரும் ஒரே ஆய்வில் சேர்ந்தவர்கள். சர்க்கரை வியாதியைச் சாப்பாட்டைக் கொண்டே அடக்க முடியுமா என்று பார்க்கிற ஆய்வு. நூற்று நாற்பது பேர். கணினி குலுக்கிப் போட்டதில் அவள் உணவுக் குழுவுக்குப் போனாள், நான் ஒப்பீட்டுக் குழுவுக்கு. ஒப்பீட்டுக் குழுவுக்கு வழக்கமான மாத்திரை, வழக்கமான சாப்பாடு. "வழக்கம்போல இருங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். நானும் ராசா என்கிற சின்ன ஊரில் என் வீட்டில் பன்னிரண்டு வாரம் வழக்கம்போல இருந்தேன். எதுவும் நடக்காதவனுக்குத்தான் மற்றவர் கதையை எழுத நேரம் கிடைக்கிறது.

2

முதல் வரியைப் பலமுறை எழுதிப் பார்த்தேன்.

"செம்பனைக் காற்று வீசும் கலும்பாங் தோட்டத்து லயத்தில் பிறந்த நவமணி—" (வேண்டாம். அவள் பிறந்தபோது அங்கே ரப்பர் மரம்தான் நின்றது, எண்ணெய்ப் பனை பிறகுதான் வந்தது. தவிர, செம்பனைக் காற்று என்று தனியாக ஒன்று வீசுவதில்லை.)

"பசி என்பது—" (இதை முடிக்கவில்லை. அந்தப் பன்னிரண்டு வாரமும் மூன்று வேளை தின்றவன் நான். பசியைப் பற்றி நான் என்ன சொல்ல?)

நேராகவே சொல்லிவிடுகிறேன். நவமணிக்கு ஐம்பத்து மூன்று வயது. புக்கிட் செந்தோசாவில் காலை நேர ஒட்டுக்கடை வைத்திருக்கிறாள். தோசை, வடை, தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக். கணவர் இல்லை. ஒரே மகள் ஷர்மினி ரவாங்கில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை செய்கிறாள். பதினோரு வருடமாக நவமணிக்குச் சர்க்கரை. இனி ஊசிதான் என்று கிளினிக்கில் சொன்ன வாரத்தில், ஆய்வுக்கு ஆள் எடுக்கிற செய்தி ஷர்மினியின் கைப்பேசிக்கு வந்தது. அம்மாவைக் கேட்காமலே பெயரைக் கொடுத்துவிட்டாள்.

விதி எளிது. ஆய்வில் கொடுக்கிற சத்துமாவு, ஒரு நாளைக்கு நான்கு பொட்டலம், தண்ணீரில் கலக்கிக் குடிக்க வேண்டும். கூடக் கொஞ்சம் காய்கறி. சோறு, தோசை, சீனி எதுவும் கூடாது. முதல் நாளே சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட வேண்டும். ஒவ்வொரு நாளும் நோட்டில் எழுத வேண்டும்.

மாவு அவளுக்குப் பெரிய பாடாக இல்லை. அடுத்தவருக்குத் தோசை ஊற்றிக்கொண்டே தண்ணியாக எதையோ குடிப்பதைப் பார்த்து வாடிக்கையாளர்கள் சிரித்தார்கள். "என்னா அக்கா, ஒங்க தோசையில ஒங்களுக்கே நம்பிக்க இல்லயா?" என்று லோரி ஓட்டுகிற சோமு கேட்டானாம். அவளும் சிரித்தாள்.

மாத்திரைதான் இடித்தது.

3

அவளுடைய அக்கா இராஜம்மா கலும்பாங்கில் இருக்கிறாள். ஆறு வருடத்துக்கு முன்பு, பாகற்காய்ச் சாறு குடித்தால் போதும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு மாத்திரையை விட்டாள். காலில் ஒரு சின்னப் புண் வந்தது. வருடம் திரும்புவதற்குள் வலது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் பத்தொன்பது நாள் கட்டில் பக்கத்திலேயே இருந்தவள் நவமணி.

ஆகவே அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்தாள். மாவைக் குடித்தாள், தோசையைத் தொடவில்லை. காலையில் மட்டும், கைப்பையின் உள் ஜிப்பிலிருந்து பழைய மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொண்டாள். நோட்டில் ஒரு கட்டம் இருந்தது: இன்று சர்க்கரை மாத்திரை எடுத்தீர்களா? ஐந்து வாரம், முப்பத்தைந்து முறை, 'இல்லை' என்று எழுதினாள்.

[இந்த இடத்தில் எனக்கு அவள்மேல் சந்தேகம் வந்தது. பொய் எழுதுகிறவளை வாசகர் எப்படி நம்புவார்? அவளிடமே கேட்டேன். "ஏம்மா, நோட்டுல பொய் எழுதப் பயமா இல்லயா?" "நோட்டுக்கு என்னாண்ணே பயம். காலுக்குத்தான் பயம்." அதற்குமேல் நான் கேட்கவில்லை.]

ஐந்தாம் வாரப் பரிசோதனையில் எண்கள் அருமையாக இருந்தன. எடை ஒன்பது கிலோ குறைந்திருந்தது. பதினொன்றில் நின்ற வெறும் வயிற்றுச் சர்க்கரை ஐந்துக்கு வந்திருந்தது (இங்கே அளவு மில்லிமோலில்; ஐந்து என்றால் சீரான சர்க்கரை). உணவு ஆலோசகர் ரூபினி, முப்பதுகூட ஆகாத பெண், திரையைத் திருப்பிக் காட்டினாள்.

"ஆண்ட்டி, எங்க குரூப்லயே நீங்கதான் டாப். மாத்திரையே இல்லாம இப்படி யாருக்கும் எறங்கல. அடுத்த மாசம் மீட்டிங்ல ஒங்க கிராஃப்பத்தான் காட்டப்போறேன்."

நவமணி நன்றி சொன்னாள். காரில் ஏறியதும் கண்ணை மூடிக்கொண்டாள். களைப்பு என்று ஷர்மினி நினைத்தாள்.

4

அடுத்த சனிக்கிழமை காலை. ஷர்மினிக்கு விடுமுறை, கடையில் உதவிக்கு நின்றாள். நவமணி ஒரே ஆளிடம் மூன்று முறை "என்னா வேணும்?" என்று கேட்டாள். மாவுக் கரண்டி கையில் ஆடியது. சேலை முதுகோடு ஒட்டிக்கொள்கிற அளவுக்கு வியர்வை. பசி மயக்கம், இப்போது சரியாகிவிடும் என்று நினைத்தாளாம். பிறகு காலடியில் தரை நகர்ந்தது. நல்ல வேளை, தோசைக்கல் பக்கம் சாயவில்லை. சோமுதான் கையைப் பிடித்து உட்கார வைத்தான்.

ஷர்மினி சர்க்கரை பார்க்கிற கருவிக்காக அம்மாவின் கைப்பையைத் திறந்தாள். எண் இரண்டு புள்ளி நான்கு; நான்குக்குக் கீழே போனாலே ஆபத்து. சீனித் தண்ணீர் கலக்கிக் கொடுத்தாள். கால் மணி நேரத்தில் அம்மாவின் கண் தெளிந்தது. கல்லில் கிடந்த இரண்டு தோசையும் கரிந்து போயிருந்தன.

அப்புறம்தான் ஷர்மினி, பையில் கிடைத்த மாத்திரை அட்டையைக் காட்டினாள்.

"இது என்னாமா?"

"பழைய மாத்திர."

"பழசுன்னா ஏன் பாதி காலியா இருக்கு?"

நவமணி கையை நீட்டி அதை வாங்கப் பார்த்தாள். ஷர்மினி கொடுக்கவில்லை.

"மாவும் குடிச்சிக்கிட்டு இதயும் போட்டியா? அதான் இப்படி எறங்கிருக்கு."

"ஒங்க பெரியம்மா கால நீயும்தான பாத்த?"

"பாத்தேன் லா! அதுக்காக நீ தோசக்கல்லு மேல விழுவியா?" ஷர்மினிக்கு அழுகை வந்துவிட்டது. "இப்பவே ரூபினிக்கு ஃபோன் போடுறேன்."

"வேணாம். மாத்திரய நீயே வச்சிக்க. திங்கக்கெழம நானே நேர்ல சொல்றேன். அந்தப் புள்ள மூஞ்சியப் பாத்துச் சொல்லணும்."

5

இங்கே எனக்கு இரண்டு வழி இருந்தது.

ஒன்று: நவமணி சொல்லவில்லை. கூட்டத்தில் அவளுடைய வரைபடம் திரையில் விழுகிறது, எல்லோரும் கைதட்டுகிறார்கள். (கதைக்கு இது நல்ல உறைப்பைக் கொடுக்கும். எழுதியும் பார்த்தேன், ஒரு பக்கம் வந்தது. கிழித்துவிட்டேன். அவள் சொன்னாள் என்பதுதான் நடந்தது.)

திங்கட்கிழமை நவமணி சொன்னதும் ரூபினியின் விரல்கள் விசைப்பலகையில் நின்றன.

"எத்தன நாளா ஆண்ட்டி?"

"மொத நாள்லேருந்து."

ரூபினி திரையிலிருந்த வரைபடத்தை மூடினாள். (அவள் எழுந்து வந்து நவமணியைக் கட்டிக்கொண்டாள் என்று முதல் வரைவில் இருந்தது. அப்படி எதுவும் நடக்கவில்லை. அவளுக்குக் கோபம். முகம் சிவந்துவிட்டது என்று நவமணியே சொன்னாள்.)

"ஒங்களுக்கு ஏதாச்சும் ஆயிருந்தா? ஒங்க நம்பர நம்பி, மத்தவங்களுக்கும் மாத்திர வேணாம்னு நாங்க சொல்லியிருந்தா?"

"தப்புத்தாம்மா." பிறகு அக்காவின் காலைப் பற்றிச் சொன்னாள். அதுவரை அந்த அறையில் அவள் அதைச் சொன்னதே இல்லை.

ரூபினி முழுவதையும் கேட்டாள். "அவங்க மாத்திரய நிறுத்துனப்போ யாரு பாத்துக்கிட்டா?"

"யாரும் பாக்கல."

"வாராவாரம் ரத்தம் எடுத்தாங்களா? ஏறுனா திருப்பிக் கொடுக்க டாக்டர் இருந்தாரா?"

"இல்லம்மா."

"இங்க இருக்கோம். பத்தத் தாண்டுனா நாங்களே மாத்திர கொடுத்துருவோம். இத நான் மொத நாளே ஒங்ககிட்ட ஒழுங்கா சொல்லியிருக்கணும்."

எழுந்திருக்கும்போது நவமணி கேட்டாள். "அந்த அஞ்சு வாரத்த அழிச்சிருவீங்களா?"

"அழிக்கக் கூடாது ஆண்ட்டி. நடந்தத நடந்த மாதிரியே எழுதி வைப்போம்."

(கிழித்துப்போட்ட என் ஒரு பக்கம் ஞாபகம் வந்தது.)

6

ஆய்வின் டாக்டர் ஒப்புக்கொண்டார்; ஆய்வில் தொடர்ந்தாள். மாத்திரை இல்லாத முதல் வாரம் சர்க்கரை ஐந்திலிருந்து எட்டானது. பிறகு எட்டரை. ஒவ்வொரு நாளும் குளித்துவிட்டு வந்து, கட்டிலில் உட்கார்ந்து இரண்டு பாதங்களையும் விரல் இடுக்கு வரை தடவிப் பார்ப்பாள். கைப்பைக்கு இரண்டு முறை கை போனது. மாத்திரை ஷர்மினியிடம் இருந்தது. தங்கை மாத்திரையை நிறுத்திய விஷயத்தைக் கேட்ட இராஜம்மா, "என்னப் பாத்துமா ஒனக்குப் புத்தி வரல?" என்று ஃபோனை வைத்தவள்தான். பிறகு நவமணி எத்தனை முறை கூப்பிட்டும் எடுக்கவில்லை. அக்காவும் தங்கையும் அதற்கு முன் ஒரு நாள்கூடப் பேசாமல் இருந்ததில்லை.

நவமணி மாவைக் கலக்கிக் குடித்தாள், தோசை ஊற்றினாள், நோட்டில் 'இல்லை' என்று எழுதினாள். இந்த 'இல்லை' எழுதும்போதுதான் பயமாக இருந்தது என்றாள்.

7

பன்னிரண்டாம் வாரக் கடைசிப் பரிசோதனை. அவள் முடிவு வாங்க வந்த அன்றுதான் நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மேலே எழுதியதெல்லாம் அன்று காத்திருந்த நேரத்தில் அவள் சொன்னது. பிறகு உள்ளே கூப்பிட்டார்கள். போனாள், வந்தாள். கையில் ஒரு தாள்.

முடிவை எழுத நினைத்தேன். எண் நன்றாக இருந்தது என்று எழுதினால், இதைப் படிக்கிற யாரோ ஒருவர் நாளைக் காலை தன் மாத்திரையைக் குப்பையில் போடலாம். இராஜம்மாவின் கதை அப்படித்தான் தொடங்கியது. சரியில்லை என்று எழுதினால், இந்த மாவெல்லாம் ஏமாற்று என்று இன்னொருவர் சொல்லுவார். ஒருத்தியின் எண்ணை வைத்து முடிவு கட்டக் கூடாது என்பதற்காகத்தான் என்னைப் போன்ற ஆளையும் சேர்த்து நூற்று நாற்பது பேரை உட்கார வைத்திருக்கிறார்கள்.

அதனால் நடந்ததை மட்டும் எழுதுகிறேன். அவள் கைப்பேசியை எடுத்தாள். மணி வெகுநேரம் அடித்தது. மறுமுனையில் எடுத்தார்கள்.

"அக்கா, வச்சிராத. டிவி சத்தத்தக் கொறைக்கச் சொல்லு. நம்பர் வந்துருச்சு."

அடுத்து அவள் சொன்னது ஓர் எண். எனக்குத் தெளிவாகக் கேட்டது. அதற்குப் பிறகு இருவரும் நெடுநேரம் பேசினார்கள்.

நீங்களும் இந்நேரம் ஓர் எண்ணை நினைத்திருப்பீர்கள். அது ஏன் அந்த எண் என்பதை மட்டும் உங்களையே கேட்டுப் பாருங்கள்.