பீச்சாங்கைக் கையெழுத்து

"போடு கையெழுத்த."

"போடமாட்டேனுங்க. எங்கப்பன் தறி வித்த காசுங்க அது."

சந்திரசேகர் ஜாக்கி லிவரை எடுத்தான். லாரியில் இருக்க வேண்டியது, வீட்டில் இருந்தது. இரண்டு அடி மனைவி சத்யபிரியாவின் முதுகில் விழுந்தது. மூன்றாவதைத் தடுக்க அவள் வலது கையை நீட்டினாள். எலும்பு முறிந்த சத்தத்தில், அரை மைல் தள்ளியிருந்த பண்ணையில் நாலாயிரம் கோழிகள் மூன்று நாளைக்கு முட்டையிடுவதை நிறுத்திவிட்டன. சுவரை ஒட்டிக் குடியிருந்த எருமப்பட்டிக்காரர்களுக்கு மட்டும் எதுவும் கேட்கவில்லை. அவர்கள் டி.வி.யைக் கொஞ்சம் சத்தமாக வைத்திருந்தார்கள்.

மாமியார் பெரியநாயகிக்குத்தான் மனசு பொறுக்கவில்லை. "அறிவிருக்குதாடா உனக்கு? கையெழுத்துப் போடற கையையா ஒடைப்பே? காலு சும்மாதான கெடந்துச்சு."

கல்யாணத்தின்போது வரதட்சணை என்ற வார்த்தையை யாரும் வாயில் எடுக்கவில்லை; கௌரவமான குடும்பம். மாப்பிள்ளை போலந்துக்குக் கோழி உரிக்கப் போகிற செலவு என்றுதான் கேட்டார்கள். பள்ளிபாளையத்தில் பெண்ணின் அப்பா நாலு தறியை விற்று, மூன்று லட்சத்தை மகளைத் தானே கூட்டிப்போய், அவள் பெயரிலேயே நாமக்கல் ஏஜென்சியில் கட்டவைத்தார். விசா கிடைக்கவில்லை. கால்வாசியைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவதாக ஏஜென்சி ஒப்புக்கொண்டது. நிபந்தனை உண்டு. பணம் கட்டியவர் முப்பது நாளுக்குள் நேரில் வந்து, ரசீதில் உள்ள அதே கையெழுத்தைப் போட வேண்டும். பணம் அவர் கணக்குக்கே போகும். வேறு கணக்குக்கு என்றால் அவர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் வேண்டும். நாள் தவறினால் எல்லாம் ஏஜென்சிக்கு.

சந்திரசேகர் நீட்டியது அந்தக் கடிதத்தைத்தான்.

முப்பதாம் நாள், மாவுக்கட்டோடு அவளைப் பைக்கில் நடுவே உட்காரவைத்து அம்மாவும் மகனும் ஏஜென்சிக்குக் கொண்டுவந்தார்கள்.

"எப்புடிங்க ஒடஞ்சுது?" என்றாள் கவுன்ட்டரில் இருந்த ரஞ்சிதா.

"பாத்ரூம்ல உழுந்துட்டாளுங்க," என்றாள் பெரியநாயகி.

"இங்க வர்ற பொம்பளைங்க எல்லாரும் அங்கதானுங்க உழுவறாங்க."

"ரேகை வெச்சாப் போதுங்களா?"

"எழுதத் தெரிஞ்சவங்க ரேகை செல்லாதுங்க."

சத்யபிரியா இடது கையால் பேனாவை எடுத்தாள். அந்தப் புறங்கையில் ஒரு தீத்தழும்பு பளபளத்தது. கல்யாணமான மூன்றாம் நாள் அந்தக் கையால் ரசம் ஊற்றியதற்கு, மாமியார் தோசைக் கரண்டியைக் காய்ச்சி வைத்தது. "பீச்சாங்கையில குடுத்தா எங்கூட்டுக்கு ஆவாது." அன்றிலிருந்து சமைத்தது, பெருக்கியது, துவைத்தது எல்லாம் சோத்தாங்கையால்தான். எழுதுகிற வேலை மட்டும் அந்த வீட்டில் அவளுக்கு வரவே இல்லை. அதனால் எந்தக் கையால் எழுதுவாள் என்பது அங்கே யாருக்கும் தெரியாது.

சத்யபிரியா போட்ட கையெழுத்தை ரஞ்சிதா பழைய ரசீதோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். "அச்சு அசலா இருக்குதுங்க. உங்க கணக்குக்கு இன்னிக்கே போயிரும்."

சந்திரசேகர் கடிதத்தை நீட்டினான். "இதுலயும் அப்புடியே போட்டுரு சாமி." அவளை அவன் சாமி என்று கொஞ்சிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

அவள் பேனாவை மூடினாள்.

அவன் கையை ஓங்கினான். வரிசையில் இருபது பேர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். சத்தமாக வைக்க அங்கே டி.வி. இல்லை. கை இறங்கியது.

"பீச்சாங்கையில குடுத்தா உங்கூட்டுக்கு ஆவாதுங்களே அத்தை," என்றாள் சத்யபிரியா. பிறகு ரஞ்சிதாவிடம் திரும்பி, பள்ளிபாளையத்துக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.