உள்வீட்டுக் கடிகாரம்

காசிநாதன் கடப்பாரையைக் கொண்டுவந்து கிழக்குச் சுவரில் சாய்த்தார். பிறகு அதைப் பார்க்கப் பிடிக்காமல் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார். நடுவீட்டில் அவருடைய அண்ணன் இளையபெருமாள் கால் கட்டைவிரல்கள் சேர்த்துக் கட்டப்பட்டு, நெற்றியில் ஒற்றை ரூபாயோடு கிடந்தார். வாசலில் பந்தல்காரர்கள் கழி நட்டுக்கொண்டிருந்தார்கள்.

“மேகலா, அப்பா எத்தன மணிக்குப் போனாருன்னு சரியாச் சொல்லு தாயி. காலண்டரப் பாத்தேன். காலைல ஆறு பன்னண்டு வரைக்கும் திருவோணம். அதுக்கு மேல அவிட்டம்.”

மேகலாவுக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. திருவோணத்தில் போனவரை வாசல் வழியாக எடுத்துப் போகலாம். காரியம் முடிந்தால் வீடு பழையபடி வீடுதான். அவிட்டம் என்றால் அடைப்பு. சுவரை உடைத்து அந்த வழியாகத்தான் எடுக்க வேண்டும். பிறகு ஆறு மாதம் வீட்டைப் பூட்டிவிட வேண்டும், யாரும் புழங்கக் கூடாது. வீட்டின் முன்னறைதான் கடை. கடையும் வீடும் ஒரே நாளில் பூட்டப்பட்டால் அம்மா எங்கே போய் உட்காருவாள், எதை வைத்து உலை வைப்பாள் என்றெல்லாம் நட்சத்திரம் கேட்டுக்கொண்டிருக்காது.

“எனக்குத் தெரியல சித்தப்பா. அம்மா கத்தித்தான் எந்திரிச்சேன்.”

“அண்ணி?”

மலர்கொடி கணவனின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். “பிரிண்டு சத்தம் கேக்கட்டும்னு இருந்தேன் தம்பி. கேக்கல. சரின்னு காபிய எடுத்துட்டுப் போனா, நாக்காலியில தல சாஞ்சி கெடந்தாரு. உசுரு இல்ல. மணி ஆறே முக்கா இருக்கும்.”

“அதுக்கு முன்னாடி எதுனா பேசினாரா?”

“இல்ல” என்றாள் சட்டென்று.

காசிநாதன் துண்டால் முகத்தைத் துடைத்தார். “அப்ப சந்தேகந்தான். சந்தேகம்னா அடைப்புன்னு எடுத்துக்கறதுதான் அண்ணி நல்லது. எனக்கும் ரெண்டு சின்னப் புள்ளைங்க இருக்கு.”

அடைப்பு கழிக்காத வீட்டைச் சேர்ந்தவர்களுக்கு அடுத்தடுத்துச் சாவு விழும் என்று அவர் மனதார நம்பினார். பயப்படுகிறவரிடம் கோபித்துக்கொள்ளவும் முடியாது. இந்தச் சுவருக்குச் செங்கல் சுமந்ததில் பாதி அவருடைய தோள்தான்.

இளையபெருமாள் இருந்திருந்தால் இந்தக் கேள்விக்கு ஒரு நிமிஷம் போதும். ‘கம்ப்யூட்டர் ஜாதகம், திருமணப் பொருத்தம், டைப்பிங், ஜெராக்ஸ்’ என்று வெளியே பலகை தொங்கியது. பெரம்பலூரில் அந்தப் பக்கத்தில் எங்கே சாவு விழுந்தாலும், பந்தலுக்குச் சொல்லும் முன்பே ஒரு டி.வி.எஸ். ஃபிப்டி இங்கேதான் வந்து நிற்கும். வீட்டுக்கு வீடு காலண்டர் தொங்கினாலும், கம்ப்யூட்டர் அச்சடித்துக் கொடுத்தால்தான் ஜனங்களுக்குத் திருப்தி. நேரத்தைச் சொன்னால் நட்சத்திரத்தைச் சொல்வார். கூட்டமாட்டார், குறைக்கமாட்டார்.

வாலிகண்டபுரத்துப் பச்சையம்மாள் கதை ஊருக்கே தெரியும். புருஷன் போன நேரத்தைப் பத்து நிமிஷம் தள்ளிப் போட்டுக்கொள்ளுங்கள் என்று அவள் இதே படியில் உட்கார்ந்து அழுதாள். “நான் மாத்திச் சொன்னா நட்சத்திரம் மாறிடுமாம்மா?” என்றார் இளையபெருமாள். அவள் வீட்டைப் பூட்டிவிட்டு ஐப்பசி மழையில் யாரோ ஒருவருடைய மாட்டுக்கொட்டகையில் படுத்துக் கிடந்தாள். அந்த மாதம் முழுக்க, மழை வலுத்தால் அவர் எழுந்துபோய் வாசலில் நிற்பார். நேரத்தை மட்டும் மாற்றியிருக்க மாட்டார்.

“மெஷினு ஓடிக்கிட்டே இருக்கே?” என்றார் காசிநாதன், முன்னறையை எட்டிப் பார்த்து.

காலையிலிருந்து யாரும் அதை அணைக்கவில்லை. இருவரும் உள்ளே போனார்கள். திரை முழுக்கக் கறுப்பில் வெள்ளை எழுத்துகள். குன்னத்துப் பெண்ணுக்கும் செந்துறைப் பையனுக்கும் பொருத்தம் பார்த்திருந்தார். பத்துக்கு ஏழு. அடியில் ‘கணித்த நேரம்: காலை 5.48’ என்று இருந்தது. அதற்கும் கீழே ‘அச்சிடவா?’ என்ற கேள்வி, பதிலுக்காகக் காத்துக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

காசிநாதன் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். “அஞ்சு நாப்பத்தெட்டு! கணக்குப் போட்டு முடிச்சிட்டாரு, பிரிண்டுக்குத் தட்டல. அண்ணன் என்னைக்காவது பிரிண்டு எடுக்காம எந்திரிச்சிருக்கா? அந்த நிமிசமே போயிட்டாரு மேகலா. திருவோணந்தான். சுத்தமான திருவோணம்!”

சொல்லிவிட்டு அவர் கீபோர்டின் மேல் கவிழ்ந்துவிடுவதைப் போலக் குனிந்து விம்மினார். அண்ணன் செத்ததற்கு அப்போதுதான் அழுதார் என்று தோன்றியது. பிறகு வெளியே போய்க் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு, பார்த்தவர்களிடமெல்லாம், “அடைப்பு இல்லைங்க, அண்ணனோட மெஷினே சொல்லிருச்சு” என்றார்.

மேகலாவுக்கும் பாரம் இறங்கியது. திரை எரிந்துகொண்டே இருக்கிறதே, அணைக்கலாம் என்று வலது பக்கத்துக் கண்ட்ரோலையும் எஃப் விசையையும் சேர்த்துத் தட்டினாள். முழுத்திரை சுருங்கி ஒரு ஜன்னலானது. ஜன்னலின் மூலையில் ஒரு கடிகாரம், ஜன்னலுக்கு வெளியே திரையின் மூலையில் இன்னொன்று. உள்ளே எட்டேகால். வெளியே ஒன்பது ஆகப் போகிறது.

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அதுவும் ஒன்பதைத் தொடப் போகிறது.

அந்த ஜன்னலை வைத்துக் கொடுத்ததே அவள்தான். அப்பாவின் ஜாதக மென்பொருள் பத்து வருஷப் பழசு. ஃப்ளாப்பியில் வந்தது. போன மார்கழியில் பழைய கம்ப்யூட்டர் புகைந்துபோய்ப் புதிது வாங்கியபோது, புதிதுக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை. அப்பா ரெண்டு நாள் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். மேகலா கல்லூரி லேபில் இலவசமாகக் கிடைத்த ஒரு மென்பொருளை சி.டி.யில் இறக்கி வந்து, புதிய கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு பழைய கம்ப்யூட்டரை உண்டாக்கிக் கொடுத்தாள்.

“என்னடி இது, கம்ப்யூட்டருக்குள்ள கம்ப்யூட்டரு?”

“ஆமாப்பா. உள்ள இருக்கறது தன்னத் தனி மெஷினுன்னுதான் நெனச்சிக்கிட்டு இருக்கும். வெளிய ஒண்ணு இருக்கறதே அதுக்குத் தெரியாது.”

“நம்மள மாதிரின்னு சொல்லு” என்று சிரித்தார். அன்றிலிருந்து அதற்கு உள்வூடு என்று பெயர். “மேகலா, உள்வூடு தொறக்க மாட்டேங்குது” என்று கல்லூரிக்கே போன் செய்வார்.

உள்வீட்டில் ஒரே ஒரு குறை. வேலை இல்லாதபோது அதை அப்படியே நிறுத்தி வைத்தால், அதன் கடிகாரமும் நின்றுவிடும். மறுபடி திறக்கும்போது நின்ற இடத்திலிருந்துதான் ஓடும். அதனால் அப்பா தினமும் விடிகாலையில் திறந்ததும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துத் திருத்துவார். பிறகு நிறுத்தி வைத்துவிட்டுக் குளித்து, விளக்கேற்றி வந்து வேலையைத் தொடங்கும்போது இரண்டாம் முறை திருத்துவார். இன்று இரண்டாம் முறை திருத்தவில்லை. நெஞ்சைப் பிசைந்துகொண்டிருந்ததோ என்னவோ. உள்ளே ஐந்து நாற்பத்தெட்டு என்றால், வெளியே ஆறரை.

ஆறரைக்கு அப்பா உயிரோடு இருந்திருக்கிறார். அவிட்டத்தில்தான் போயிருக்கிறார்.

வெளியே சித்தப்பாவின் குரல் கேட்டது. இப்போதே போய்ச் சொன்னால் கடப்பாரை திரும்பி வரும். சொல்லாவிட்டால், அப்பா வாழ்நாளெல்லாம் செய்ய மறுத்ததை அவர் பிணம் வீட்டில் கிடக்கும்போதே அவருடைய மெஷினை வைத்து மகள் செய்தவளாவாள். மேகலா அதே விசைகளைத் தட்டி மறுபடி திரையை முழுதாக்கினாள். வெளிக் கடிகாரம் மறைந்தது. வெட்கமாக இருந்தது. ஆனாலும் வாசலுக்குப் போனவள் வாயைத் திறக்கவில்லை.

பத்து மணிக்கு மேல் சொந்தக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். வாலிகண்டபுரத்திலிருந்து வந்த கூட்டத்தில் பச்சையம்மாளும் இருந்தாள். பச்சையம்மாள் மாரில் அடித்துக்கொண்டு வந்து மலர்கொடியின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

“நாயமான மனுசன் ஆத்தா! ஒரு வார்த்த மாத்திச் சொல்ல மாட்டாரு! உங்க வூட்டுக்கு அடைப்பு இல்லன்னாங்க, அப்பத்தான் எனக்கு உசுரு வந்துச்சு. அந்தக் கஷ்டம் எதிரிக்கும் வரக் கூடாது.” அவள் அதை மனதாரச் சொன்னாள். அதுதான் மேகலாவைக் கொன்றது. கோபித்திருந்தால் தாங்கியிருக்கலாம்.

பிறகு பச்சையம்மாள், சாவு வீட்டில் எல்லோரும் கேட்கிற கேள்வியைக் கேட்டாள். “கடைசியா என்ன சொன்னாரு ஆத்தா? உன்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியா?”

மலர்கொடியின் வாய் திறந்தது. மேகலாவை ஒருமுறை பார்த்தாள்.

“ஒண்ணும் சொல்லல அக்கா” என்றாள். “ஒண்ணுமே சொல்லல.” அதற்குப் பிறகு அவள் அழுத அழுகையில் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

மத்தியானம் நீர்மாலை எடுத்து வந்து, வாய்க்கரிசி போட்டு, இளையபெருமாளை அவர் கட்டிய வீட்டின் வாசல்படி வழியாகவே எடுத்துப் போனார்கள். கிழக்குச் சுவர் அப்படியே இருந்தது. பாடை தெருமுனை திரும்பும்வரை மேகலா அம்மாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சாயங்காலம் பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டுக் குளித்து முடித்தார்கள். சுடுகாட்டுக்குப் போனவர்கள் ஏரியில் குளித்துவிட்டு இன்னும் திரும்பவில்லை. அடுப்பு மூட்டக் கூடாது என்பதால் பக்கத்து வீட்டுச் செல்வம்மாள் காபி அனுப்பியிருந்தாள். மேகலா முன்னறையில் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ‘அச்சிடவா?’ இன்னமும் கேட்டுக்கொண்டிருந்தது. அம்மா டம்ளரும் டவராவுமாக வந்து நிலையில் சாய்ந்தாள்.

“அவரு காபி கேட்டாரு மேகலா.”

மேகலா திரும்பினாள்.

“துறையூர் ஆறர வண்டி ஆரன் அடிச்சிட்டுப் போச்சு. அப்பத்தான். ‘மலரு, ஒரு மாதிரியா இருக்கு, செத்த சூடா காபி கொண்டா’ன்னாரு. தெனமும் கேப்பாரு, கொண்டாந்து வச்சா திரும்பிக்கூடப் பாக்க மாட்டாரு, ஆறிப் போயிரும். பிரிண்டு சத்தம் கேட்டாத்தான் தலையத் தூக்குவாரு. அதனால நான் பிரிண்டு வரட்டும், பொறுங்கன்னு சொன்னேன். பொறுங்கன்னேன் பாப்பா.”

மேகலா எழுந்து அம்மாவின் பக்கத்தில் வந்து நின்றாள்.

“பச்சையம்மா அக்கா கேட்டப்ப வாய் வரைக்கும் வந்துருச்சு. இனிமே யார்கிட்டயும் சொல்ல முடியாது, இல்ல?”

“முடியாதும்மா.”

“உனக்குத் தெரியுமா?”

“உள்வூட்டுக் கடியாரம் லேட்டும்மா. காலைலயே பாத்தேன்.”

அம்மா கொஞ்ச நேரம் அந்தத் திரையையே பார்த்தாள். அவளுக்கு அதில் எதைப் பார்ப்பது என்று தெரியாது. ஆனாலும் பார்த்தாள்.

“இது யாருக்குப் பாத்தாரு?”

“குன்னத்துக்காரங்களுக்கு. காலைல வந்து வாங்கிக்கறோம்னு சொல்லிட்டுப் போனவங்க.”

“நல்ல காரியம். அவங்கள ஏன் காக்க வைக்கணும்” என்றாள் அம்மா. “எடுத்துரு.”

மேகலா காகிதத்தைச் சரிசெய்துவிட்டு விசையைத் தட்டினாள். பழைய பிரிண்டர் ஒரு முறை முனகி, கிறீச்சென்று ஓடத் தொடங்கியது. அந்தச் சத்தம் முன்னறையைத் தாண்டி, நடுவீட்டைத் தாண்டி, ஈரம் காயாத தரையெல்லாம் கேட்டது.

அம்மாவின் கை தானாக உயர்ந்தது. காபியை டவராவில் ஊற்றி ஆற்ற ஆரம்பித்தாள்.