கிழக்குச் சுவரில் மக்கா

“இப்ப வருதா அக்கா?”

“இல்ல தம்பி, இன்னும் இல்ல!”

குளியலறைக்கு மேலிருந்த கொங்கிரீட் தட்டில் சுதாகரன் நின்றான். கூடத்தில் டிவிக்கு முன்னால் ஸுஹைனா நின்றாள். நடுவில் ஒரு சுவரும் ஒரு முருங்கை மரமும் இருந்ததால் இருவரும் கத்தித்தான் பேசவேண்டியிருந்தது. காத்தான்குடியில் வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்பவை. அவள் வீட்டில் டிஷ் மாற்றுகிற செய்தி காலை ஒன்பது மணிக்கே ஒழுங்கைத் தெரு முழுவதற்கும் தெரிந்துவிட்டது.

டிவியில் நீலத் திரை. அதன் அடியில் இரண்டு கோடுகள். மேல்கோடு எப்போதும் நிரம்பித்தான் இருக்கும், அதை நம்பவேண்டாம், கீழ்க்கோடு ஏறினால்தான் படம் வரும் என்று சொல்லிக்கொடுத்துவிட்டு சுதாகரன் மேலே ஏறியிருந்தான். கீழ்க்கோடு அசைய மாட்டேன் என்று படுத்துக் கிடந்தது.

அவளுக்குப் பின்னால் கட்டிலில் வாப்பா கிடந்தார்.

அவள் தகப்பன் ஹமீட் முப்பத்தைந்து வருடம் நெல் லொறி ஓட்டிய மனிதர். கரடியனாறு, பழுகாமம் என்று படுவான்கரை வயல் வட்டைகளில் மூட்டை ஏற்றி, ஆலைகளில் இறக்கியவர். விடியலில் சுபஹ் தொழுகையோடு புறப்பட்ட ஒரு நாள் கரடியனாற்றுப் பாதையில் ஒற்றை யானை மறித்து நிற்க, எஞ்சினை நிறுத்திவிட்டு, “வாப்பா, எனக்கும் புள்ளைகள் இரிக்கி, வழி விடுங்க” என்று கெஞ்சினாராம். யானை விட்டதாம். வீட்டில் அவர் சொல்லை யாரும் கேட்டதில்லை, யானை மட்டும்தான் கேட்டது என்று ஊரில் ஒரு கேலி உண்டு. அந்தக் கேலியில் முதலில் சிரிப்பவர் அவர்தான்.

லொறியை விற்ற பிறகு அவருக்கு டிவிதான் பாதை. அதிலும் ஒரே ஒரு சேனல். சிங்கம், கழுதைப்புலி, முதலை, யானை, எல்லாம் தமிழில் பேசும் சேனல். அது காசு கட்டும் டிஷ்ஷில்தான் வரும். கட்டாரில் இருந்த மகன் றிப்ஷான் மாதாமாதம் போனிலேயே கட்டினான். வாப்பாவும் மகனும் நேரில் இருந்த காலத்திலும் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியவர்கள் இல்லை. மாதத்தின் முதல் கிழமை படம் தெளிந்ததும் ஹமீட், “தம்பி போட்டுட்டான்” என்பார். அவர்களுக்குள் இருந்த கடிதப் போக்குவரத்து அவ்வளவுதான்.

இரண்டு மாதத்துக்கு முன் றிப்ஷானுடைய கம்பெனியில் ஓவர்டைம் நின்றது. “வாற மாசம் போடுறன் ராத்தா” என்று அக்கா ஸுஹைனாவிடம் சொன்னான். திரையில் ஆங்கிலத்தில் ஓர் அறிவித்தல் வந்து உட்கார்ந்துகொண்டது. ஹமீட் நாலைந்து நாள் அந்த அறிவித்தலையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி கேட்டால் மகனுக்குப் பாரம் என்று தானும் கேட்கவில்லை, ஸுஹைனாவையும் கேட்க விடவில்லை.

பிறகு டிவியைப் பற்றி நினைக்க யாருக்கும் நேரம் இருக்கவில்லை. பாரிசவாதம் வந்து இடப்பக்கத்தையும் நாக்கையும் கொண்டுபோனது. ஆனைக்கும் அடி சறுக்கும். ஆஸ்பத்திரியில் பத்து நாள் வைத்திருந்து, வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பினார்கள். அதன் அர்த்தம் எல்லோருக்கும் தெரியும். மூன்று கிழமையாக அவர் வாயிலிருந்து விளங்கும்படி ஒரு சொல் வரவில்லை.

இலவச டிஷ் யோசனை நஸீறா மாமியுடையது. மாமி வாப்பாவின் தங்கை. காக்கா என்று அவள் கூப்பிடும் அண்ணனுடைய மறுமையைப் பற்றிய கவலை அண்ணனைவிட அவளுக்குத்தான் கூட.

“அந்தப் பெரிய டிஷ்ஷப் பூட்டினா மாசக் காசும் இல்ல, மக்காவ இரவு பகலாக் காட்டுறான் புள்ள. இந்த நேரத்தில மனிசன் நரியையும் முதலையையுமா பாக்கிற? கஃபாவப் பாத்துக்கிட்டுக் கிடக்கட்டும்.”

ஸுஹைனாவுக்கும் அது சரியென்றே பட்டது. ஹஜ்ஜுக்கென்று வாப்பா சேர்த்த பணத்தில்தான் அவள் இருக்கும் இந்த வீடு எழும்பியது. பெண் பிள்ளைக்கு வீடு கட்டாமல் அந்த ஊரில் யாரும் மக்காவுக்குப் போவதில்லை. போகாத இடத்தைக் கண்ணாலாவது பார்க்கட்டும் என்று அவள் மனம் இளகிற்று. அதனால்தான் ஆரையம்பதியிலிருந்து டிஷ் பூட்டும் சுதாகரனைக் கூப்பிட்டாள்.

ஒரு சிக்கல் இருந்தது. டிவி கிழக்குச் சுவரில். வாப்பாவின் கட்டிலோ, படுக்கையில் விழுந்த எந்த முஸ்லிமுடைய கட்டிலையும்போல, தலைமாடு வடக்கே கிடந்தது. வலப்பக்கம் ஒருக்களித்தால் முகம் மேற்கே, தொழும் திசையான கிப்லாவைப் பார்க்கும். டிவியைக் கழற்றி மேற்குச் சுவரில் மாட்டலாமா என்று கேட்டாள்.

“மாட்டலாம் அக்கா. வயர் காணாது. புது வயர் எடுக்க நாளைக்கு டவுனுக்குப் போகோணும்.”

நாளைக்கு என்ற சொல் அந்த வீட்டில் இப்போது யாராலும் நம்பிச் சொல்லக்கூடிய சொல்லாக இல்லை. இடப்பக்கம் விழுந்துபோனதால் வாப்பாவை அந்தப் பக்கம் சரிக்கவும் முடியாது. கடைசியில் அவளும் சுதாகரனுமாகக் கட்டிலையே திருப்பிப் போட்டார்கள். தலைமாடு தெற்கே வந்தது. வலப்பக்கம் கிடந்தபடியே இப்போது வாப்பாவின் முகம் டிவிக்கு நேரே இருந்தது. முதுகு கிப்லாவுக்கு. அது அவளுக்கு உறைத்தது. கொஞ்ச நேரம்தானே, பார்த்து முடிந்ததும் திருப்பிவிடலாம் என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

சுபஹிலிருந்து வாப்பாவின் காதில், சாகக்கிடப்பவருக்குச் சொல்லும் கலிமாவைச் சொல்லிக்கொண்டிருந்தவள் அவள்தான். மாமி மக்காவிலிருந்து வந்த ஸம்ஸம் தண்ணீர் எடுத்துவர வீட்டுக்குப் போயிருந்தாள். போகும்போது, “விடாமச் சொல்லு புள்ள, நாக்கு அசையாட்டியும் நெஞ்சுக்குள்ள கல்பு கேக்கும்” என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அவள் கணவன் றமீஸ் ஓட்டமாவடிக் கடைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கும் போயிருந்தார்கள்.

“அங்கால கொஞ்சம் திருப்புறன், பாத்துச் சொல்லுங்க!”

கீழ்க்கோடு துடித்தது. பத்து. இருபது. திரும்பவும் விழுந்தது.

“வந்திட்டுப் போயித்து தம்பி! ஏத்துங்க!”

முப்பது. நாற்பது. ஸுஹைனா டிவிக்கு இன்னும் கிட்டப் போனாள். அவளுக்குள் ஒரு சிறுபிள்ளைச் சந்தோசம் வந்துவிட்டது. இத்தனை நாள் மருந்து, மூத்திரப் பை, படுக்கைப் புண் என்று தோற்றுக்கொண்டே வந்தவளுக்கு, கண்ணுக்கு முன்னால் ஏதோ ஒன்று ஏறிக்கொண்டிருந்தது.

“மகள்.”

பின்னாலிருந்து வந்தது. தெளிவாக, பழைய குரலில்.

“கொஞ்சம் பொறுங்க வாப்பா, இந்தா வருது,” என்றாள். திரும்பவில்லை. கோடு அறுபதில் நின்றது, எழுபதுக்குப் போனது, நீலம் கலைந்து கட்டம் கட்டமாக ஏதோ விழுந்தது. கட்டங்கள் ஒன்று கூடின. வெள்ளைத் தரையில் ஆயிரமாயிரம் பேர் சுற்றிக்கொண்டிருக்க நடுவில் கறுப்பாகக் கஃபா.

“வந்திட்டு! போதும் தம்பி, வந்திட்டு!”

சிரித்துக்கொண்டே திரும்பினாள்.

வாப்பாவின் கண்கள் பாதி திறந்திருந்தன. வலக்கை கட்டில் சட்டத்துக்கு வெளியே நீண்டு கிடந்தது. அவள் “வாப்பா” என்றாள். கிட்டப் போய் இன்னும் இரண்டு தடவை “வாப்பா” என்றாள். நெஞ்சில் கை வைத்தாள். மூக்கருகே கன்னத்தை வைத்தாள். கையில் குறட்டோடு இறங்கி வந்த சுதாகரன் வாசலில் அப்படியே நின்றுவிட்டான்.

மாமி பத்து நிமிடத்தில் வந்தாள். கையில் ஸம்ஸம் போத்தல். “இன்னாலில்லாஹி” என்று தொடங்கியவள் முடிக்குமுன்னே தலைமாட்டைப் பார்த்தாள்.

“கட்டில ஆரு புள்ள திருப்பின?”

“நான்தான் மாமி. டிவி தெரியட்டுமெண்டு.”

மாமி போத்தலை ஜன்னலில் வைத்தாள். சேலைத் தலைப்பை இடுப்பில் சொருகினாள்.

“ஆக்கள் வாறத்துக்குள்ள திருப்பிப் போட்டிருவம். அந்தப் பக்கம் புடி.”

சுதாகரன் குறட்டைக் கீழே வைத்துவிட்டுக் கால்மாட்டைப் பிடித்தான். மூன்று பேரும் கட்டிலைச் சுற்றித் திருப்பினார்கள். கட்டில் கால் சீமெந்தில் கிறீச்சிட்ட சத்தம் ஸுஹைனாவின் பல்லைக் கூசவைத்தது. மாமி காக்காவின் கண்களை மூடி, தாடையைத் துணியால் கட்டி, நீண்டு கிடந்த கையை மடக்கி நெஞ்சில் வைத்தாள். பிறகுதான் நிமிர்ந்து டிவியைப் பார்த்தாள். பார்த்ததும் தரையில் உட்கார்ந்தாள்.

“யா அல்லாஹ்… எங்கட காக்கா கஃபாவப் பாத்துக்கிட்டே போயித்தாரே!”

ஸுஹைனா வாயைத் திறந்தாள். மாமியின் முகம் கண்ணீரில் பளபளத்தது. ஸுஹைனா வாயை மூடிக்கொண்டாள்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? நல்ல செய்திக்கும் அதே கதிதான். பள்ளிவாசல் ஒலிபெருக்கி மௌத்தை மட்டும்தான் அறிவித்தது. மீதியை ஒழுங்கை அறிவித்தது. லுஹர் தொழுகைக்குள் ஊர்க் கதையில் ஹமீட் கஃபாவைப் பார்த்துப் புன்னகைத்தார். அதற்குப் பிறகு வந்த பெண்கள் அவர் விரலை உயர்த்திக் கலிமாச் சொன்னதாகக் கேள்விப்பட்டுக்கொண்டு வந்தார்கள். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குக்கூடச் சில நேரம் பிந்திப் போகும் லொறிக்கார ஹமீட்டுக்கு வாய்த்த மௌத்தைப் பார்த்தீர்களா என்று ஒருத்திக்கு ஒருத்தி சொல்லி அழுதார்கள். ஒவ்வொருத்தியும் ஸுஹைனாவின் கையைப் பிடித்து, “நீ குடுத்து வெச்சவ புள்ள” என்றாள். அந்தக் கையை அவளுக்கு எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

ஆண்கள் குளிப்பாட்டிக் கஃபன் துணி சுற்றினார்கள். முகம் பார்க்க விட்டபோது அவள் குனிந்து வாப்பாவின் காதருகே போனாள். என்ன வாப்பா, என்னத்துக்குக் கூப்பிட்டீங்க என்று கேட்கத்தான் போனாள். தண்ணீர் கேட்டாரா? புரட்டிப் போடச் சொன்னாரா? கலிமா சொல்லித்தரக் கேட்டாரா? பயந்துபோய்க் கூப்பிட்டாரா? பின்னால் பெண்கள் நெருக்கினார்கள். அஸர் தொழுகைக்குப் பிறகு சந்தூக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் மையவாடிக்கு அடக்கம் செய்யப் போனார்கள். பெண்கள் வாசலோடு நின்றுகொண்டார்கள்.

மஃரிபு தொழுத பின் றிப்ஷான் வீடியோவில் வந்தான். பகலில் றமீஸ் காட்டிய ஜனாஸாவைப் போனிலேயே பார்த்திருந்தான். கட்டார் அறையில் அடுக்குக் கட்டிலின் கீழ்க்கட்டிலில் முதுகை வளைத்து உட்கார்ந்திருந்தான். கண் வீங்கியிருந்தது. ஸுஹைனா போனை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

“மாமி சொன்னா ராத்தா. கேட்டுத்து எனக்கு மனசு கொஞ்சம் ஆறிச்சு. ரூமில எல்லாருக்கும் சொன்ன. நீங்கதானே பக்கத்தில நிண்ட, சொல்லுங்களன், எப்பிடிப் பாத்துக்கிட்டிருந்தார்?”

அவள் சாத்திய கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

“ராத்தா?”

“அவர் பாக்கல்ல றிப்ஷான்.”

“என்ன?”

“படம் வாறத்துக்குள்ளயே போயித்தார். உசிரு இருந்திருந்தாலும் கண்டிருக்க மாட்டார். நான் மறைச்சிக்கிட்டு நிண்ட. கோடு ஏறுதா எண்டு பாக்க டிவியோட ஒட்டிக்கிட்டு நிண்ட. வாப்பா கடைசியாக் கண்டது என்ட முதுகு.”

றிப்ஷான் கண்ணிமைக்காமல் பார்த்தான்.

“என்னக் கூப்பிட்டார்,” என்றாள். காலையிலிருந்து சொல்லாமல் வைத்திருந்தது இதைத்தான். “மகள் எண்டு.”

“வாப்பாவா? பேச்சு வரல்லயே அவருக்கு.”

“வந்திச்சு. லொறியால வந்து வாசல்ல நிண்டு கூப்பிடுவாரே, அதே மாதிரி. நான் திரும்பல்ல. கொஞ்சம் பொறுங்க எண்டன்.”

வெளியே யாரோ பாய் விரித்தார்கள். யாசீன் ஓதத் தொடங்கும் குரல் கேட்டது. ஸுஹைனா தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டினால் நன்றாயிருக்கும் என்று இருந்தது. மாமிக்குச் சொல்லாதீங்க என்று சொன்னாலும் போதும், தலையாட்டிவிட்டு வைத்துவிடலாம்.

“நான் அந்தக் காசப் போட்டிருந்தா,” என்றான் றிப்ஷான் மெதுவாக, “நீங்க டிஷ் மாத்தப் போயிருக்க மாட்டீங்க.”

“அப்பிடிச் சொல்லாத.”

“ரெண்டு மாசம் ராத்தா. வாற மாசம், வாற மாசமெண்டு. என்ட வாப்பா ஒரு ஆனையப் பாக்க…”

மீதியை அவன் சொல்லவில்லை. கையிலிருந்த போனை மெத்தையில் மல்லாக்கப் போட்டான். திரையில் அவன் முகம் மறைந்து, மேல்கட்டிலின் அடிப்பலகையும் அதில் தொங்கிய யாருடையவோ ஈரத் துவாயின் நுனியும் தெரிந்தன. அந்த அறையில் ஒருவர் மலையாளத்தில் ஏதோ கேட்டார். அழுகிற சத்தம் வரவில்லை. மெத்தை குலுங்கக் குலுங்கப் படம் மட்டும் விட்டுவிட்டு அதிர்ந்தது.

மாமி கதவைத் தட்டி, அடுத்த வீட்டிலிருந்து கஞ்சி வந்திருக்கிறது, வந்து ஒரு வாய் குடி என்றாள். “வாறன் மாமி” என்றாள் ஸுஹைனா. போனை வெட்டாமல் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து, அந்தப் பலகை அதிர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.