சோபாவில் அமர்ந்த சிரிப்பு

ஈப்போ நகரில் தமிழர் கூடும் மேடை நிகழ்ச்சி எதுவாயினும், மூன்றாம் வரிசையில் நடைபாதையை ஒட்டிய மடக்கு நாற்காலி பஞ்சலிங்கத்துக்கே உரியது என்பது எழுபதுகளில் எழுதாச் சட்டமாக இருந்து வந்தது. அரசாங்க அலுவலகமொன்றில் தலைமை எழுத்தராகப் பணியாற்றிய அவருக்குப் பாடத் தெரியாது, ஆடத் தெரியாது, நன்கொடை அளிக்கும் வசதியும் கிடையாது. ஆனால் சிரிக்கத் தெரியும். முதலில் மூக்கின் வழியே நீண்ட காற்றொன்று வெளிப்படும். பிறகு தொண்டைக்குள் ஏதோ உருளும். அதன்பின் வெடிக்கும். வெடித்துவிட்டால், மேடையில் என்ன சொல்லப்பட்டதென்று கேளாதவர்களும் உடன் சிரித்தே தீர வேண்டும்.

"இந்தச் சிரிப்பைப் பைத்திய ஆசுப்பத்திரிக்காரர் கேட்டினமெண்டால், வாகனம் அனுப்பித் தஞ்சோங் ரம்புத்தானுக்கு ஏத்திக்கொண்டு போயிடுவினம்" என்பார் அவருடைய மனைவி தவமணி. கணவரின் நகைச்சுவைப் பித்தில் அவருக்குப் பங்கில்லை. நிகழ்ச்சிகளுக்கு வருவார், பெண்கள் பக்கம் அமர்வார், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பேருந்துக்குக் காத்திருப்பவர் போன்ற முகத்துடன் முழு நிகழ்ச்சியையும் பார்த்து முடிப்பார்.

பஞ்சலிங்கத்துக்குச் சிரிப்பைப் பற்றி உறுதியான கொள்கைகள் இருந்தன. நாடகத்தில் வரும் கோமாளியை அவர் மதிப்பதில்லை. அவனுக்குத் துணையாக அடிவாங்க ஒருவன் இருக்கிறான். அவிழ்வதற்கு ஒரு வேட்டி இருக்கிறது. வழுக்கி விழ வாழைப்பழத் தோல் இருக்கிறது. ஒலிவாங்கியொன்றை முன்னால் வைத்துக்கொண்டு, தன்னந்தனியனாக நின்று, வெறும் வாயால் முந்நூறு பேரைச் சிரிக்க வைப்பவனே கலைஞன் என்பது அவர் துணிபு. இத்துணிபை அலுவலகத்தில் தேநீர் வேளையில் அவர் விளக்கத் தொடங்கினால், தேநீரை அரைகுறையாக விட்டு எழுந்து போனவர்கள் பலர்.

அவர் கண்ட உண்மையான கலைஞன் சீனி. சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவன். தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது, குடும்பத்தோடு ஈப்போவின் சிலிபின் பகுதிக்கு வந்து பலகைக் கிடங்கொன்றில் சேர்ந்தான். பகலில் பலகை தூக்குவான். மாலையில் கலியாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் நின்று பேசுவான். ஒரு கலியாண வீட்டில் அவனை முதன்முறை கேட்டபோது, பஞ்சலிங்கம் நாற்காலியோடு பின்புறமாகச் சாய்ந்து, பந்தற்காலைப் பற்றிக்கொண்டு உயிர் தப்பினார். அன்று தொட்டு, சீனி எங்கே நின்றாலும் இவர் மூன்றாம் வரிசையில் இருப்பார். சீனி முதல் நகைச்சுவையைச் சொல்லிவிட்டு அந்த நாற்காலியைப் பார்ப்பான். வெடித்த பிறகே இரண்டாவதற்குப் போவான்.

"அண்ணே, நீங்கதான் இஞ்சின். மத்தவங்கல்லாம் பின்னாடி வர்ற பெட்டிலா" என்பான்.

எழுபத்தெட்டாம் ஆண்டில் ஒரு நாள் சீனி மூச்சிரைக்க அவர் வீட்டுக்கு வந்தான். தமிழர் சங்கத்தின் ஆண்டு விழாவில் அரைமணி நேரம் அவனுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். அதைப் பார்ப்பதற்கென்றே கோலாலம்பூரிலிருந்து பழனியப்பன் வருகிறார். ஊர் ஊராகச் சென்று நிகழ்ச்சி நடத்தும் கலைக்குழுவின் தலைவர் அவர்.

"புடிச்சுதுன்னா குழுவுல சேத்துக்குவாராம், அண்ணே. மாசச் சம்பளம். பலகை தூக்கித் தூக்கி எனக்கு முதுகே வளைஞ்சு போச்சு. இன்னும் ரெண்டு வருசம் போனா, நான் நின்னுக்கிட்டே சிரிக்க வைக்க முடியாது, குனிஞ்சுக்கிட்டேதான். அன்னிக்கு ஒரு நாளு நீங்க நல்லா சிரிக்கணும்."

"நீ பயப்படாதை. அண்டைக்குச் சிரிக்கிற சிரிப்பிலை மண்டபத்தின்டை ஓடு பறக்கும்" என்று பஞ்சலிங்கம் வாக்களித்தார்.

அந்த வாக்கைக் காப்பாற்றியிருப்பார். இடையில் சங்கத் தலைவர் சதாசிவம் வந்து சேர்ந்தார்.

"நகைச்சுவைக்கு முந்தி ஒரு சின்ன உரை இருந்தா விழாவுக்கு எடுப்பா இருக்கும். சிரிப்பப் பத்தி நீங்க பேசுங்களேன். நீங்க சிரிக்கிறத பாத்தா அதுக்குன்னே படிச்ச மாதிரி இருக்கு. பத்து நிமிசம் போதும். முன்வரிசையிலே இடம் போட்டுர்றேன்."

முன்வரிசை என்பதன் பொருளைச் சற்றே விளக்குதல் வேண்டும். மண்டபம் முழுவதும் மடக்கு நாற்காலிகளாக இருந்தாலும், நம்மவர் விழாக்களில் முன்னால் ஒரு வரிசை சோபாக்கள் போடப்படும். அவற்றின் முதுகில் பின்னல்துணி விரித்திருக்கும். எதிரே சிறு மேசையும், அதன்மேல் உறிஞ்சுகுழல் செருகிய ஆரஞ்சுத் தண்ணீரும் இருக்கும். அங்கே அமர்பவர்களுக்கு மாலை உண்டு. அவர்கள் சிரிப்பதில்லை. மிகச் சிறந்த நகைச்சுவையெனில் வயிறு ஒரு முறை அசையும், அவ்வளவே. பின்னால் இருப்பவர்களும் அப்பிடரிகளைப் பார்த்தே, இது சிரிக்கத் தக்கதா என்று முடிவு செய்வர். இந்தச் சோபாக்களைப் பஞ்சலிங்கம் ஆண்டுக்கணக்காக மூன்றாம் வரிசையிலிருந்து எள்ளி நகையாடியவர். அவற்றில் ஒன்று தமக்கென்று கேட்டதும், எள்ளல் எங்கே போயிற்று என்று அவருக்கே தெரியவில்லை.

அன்றிரவே உரை எழுதத் தொடங்கினார். சிரிப்பை வகைப்படுத்தினார். வகைகளுக்குப் பெயர் சூட்டினார். பெயர் சூட்டிய வகைகளுக்கு எடுத்துக்காட்டு வேண்டுமே! அவருக்குத் தெரிந்த நல்ல நகைச்சுவை எல்லாம் சீனியுடையவை. அவற்றைச் சேர்த்தார். எழுதியதை உரக்கப் படித்தபோது, கீரை ஆய்ந்துகொண்டிருந்த தவமணி தலை நிமிர்ந்தார்.

"இஞ்சாருங்கோ, சீனியின்டை பகிடியை எல்லாம் நீங்கள் சொல்லிப்போட்டால், அவன் பிறகு என்னத்தைச் சொல்லுறது?"

"நான் சொல்லேல்லை. விளக்கிறன்."

"ஓ" என்றார் தவமணி. கீரைக்குத் திரும்பினார்.

"அவனுக்கு இது விளம்பரம்" என்று பஞ்சலிங்கம் மேலும் தெளிவுபடுத்தினார். கீரைத் தண்டு ஒன்று சட்டென்று ஒடிந்தது.

விழா நாளன்று பஞ்சலிங்கம் பத்து நிமிடத்தை நாற்பதாக வளர்த்தார். முதலாம் வகைக்கு 'உரிமைப் பிறழ்ச்சி' என்று பெயர். எடுத்துக்காட்டாக மாட்டுக் கதையைச் சொன்னார். துரை நட்ட இளங்கன்றுகளை மாடொன்று தின்றுவிடுகிறது. 'யார் மாடு?' என்று துரை கேட்கிறார். 'நேற்றுவரை என் மாடு. இப்போது உங்கள் கன்று அதன் வயிற்றில் இருப்பதால் பாதி உங்கள் மாடு' என்கிறான் மாட்டுக்காரன். "இதில் நாம் ஏன் சிரிக்கிறோம் எனில்" என்று அவர் தொடர்ந்தபோது, சிரித்தவர் எவரும் இல்லை. அந்த அமைதியைக் கூர்ந்த கவனம் என்று எண்ணி அவர் மனம் குளிர்ந்தார்.

இரண்டாம் வகை, 'பழக்கத்தின் பிழை'. தோட்டத்து மணியோசைக்கே எழுந்து பழகிய மாமியார், சிலிபினுக்கு வந்த பிறகு, தீயணைப்பு வண்டியின் மணியைக் கேட்டு எழுந்து, வாளியும் கத்தியுமாக ஓடி, தெருவிளக்குக் கம்பத்தை வெட்டப் போன கதை. அதையும் நரம்பு நரம்பாகப் பிரித்துக் காட்டினார். பிறகு மூன்றாம் வகை. அதன் பிறகும் வகைகள் இருந்தன. மேடையின் ஓரத்தில், திரைக்குப் பின்னால் நின்ற சீனியின் முகம் வெளுத்துக்கொண்டே போனதை அவர் காணவில்லை. கண்ணாடி தாளை நோக்கி இருந்தது.

கைதட்டல் எழுந்தது, முடிந்ததே என்ற மகிழ்ச்சியால் பலமாகவே எழுந்தது. மாலை அணிவித்தார்கள். சோபாவில், சதாசிவத்துக்கும் பழனியப்பனுக்கும் நடுவே அமர்த்தினார்கள். ஆரஞ்சுத் தண்ணீரை ஒரு முறை உறிஞ்சிவிட்டு, பிடரியைச் சற்று நிமிர்த்தி வைத்துக்கொண்டார்.

சீனி வந்தான். ஒலிவாங்கியைப் பிடித்தான்.

"நம்ம தோட்டத்துல ஒரு தொரை இருந்தாரு. அவரு ஆசையா கன்னு நட்டாரு…"

"மொத வகை!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் அறிவித்தது.

சீனி நிறுத்தினான். துரையைக் கைவிட்டான்.

"சரி, அத விடுங்க. நாங்க சிலிபினுக்கு வந்த புதுசுல, எங்க மாமியாரு…"

"அது வெளக்குக் கம்பம்பா. ஐயா சொல்லிட்டாரு" என்றாள் ஒரு பெண், இரக்கத்தோடு.

சீனியின் கண்கள் பழக்கத்தால் மூன்றாம் வரிசைக்குப் போயின. அங்கே முன்பின் தெரியாத ஒருவர் கச்சான் கடலை கொறித்துக்கொண்டிருந்தார். பிறகு கண்கள் சோபாவுக்கு வந்தன.

அப்போதுதான் பஞ்சலிங்கத்துக்குத் தாம் செய்திருப்பது விளங்கிற்று. தன் முதுகைப் பற்றிச் சீனி சொன்னதும் நினைவில் எழுந்தது. எப்படியாவது சிரித்துவிட வேண்டும். மூக்கிலிருந்து காற்றை வெளியேற்றிப் பார்த்தார். தொண்டையில் உருள வேண்டியது உருளவில்லை. துரையை நினைத்தால் உரிமைப் பிறழ்ச்சி என்றது மனம். மாமியாரை நினைத்தால் பழக்கத்தின் பிழை என்றது. வேறு வழியின்றி வாயைத் திறந்து பலவந்தமாக ஓர் ஒலியை எழுப்பினார். சதாசிவம் பதறிப்போய், "பொறையேறிருச்சா?" என்று முதுகில் தட்டி ஆரஞ்சுத் தண்ணீரை நீட்டினார். மறுபக்கத்தில் பழனியப்பன் கைக்கடிகாரத்தைத் திருப்பினார்.

சிரிப்பு அந்த மூன்றாம் வரிசை நாற்காலியில்தான் தங்கிவிட்டது என்று பஞ்சலிங்கத்துக்குத் தோன்றிற்று. அறிவுடையார் எவருக்கும் தோன்றத் தகாத எண்ணந்தான். ஆயினும் எழுந்தார். சோபாவோ மிகத் தாழ்வு. அவர் முழங்காலோ ஒத்துழைப்பதில்லை. இரண்டு முறை முயன்று, மூன்றாவதில் சதாசிவத்தின் தோளை ஊன்றி எழுந்து, மண்டபமே பார்த்திருக்க, நடைபாதையில் பின்னோக்கி நடந்தார். மாலையின் சரிகை நூல் சோபாவின் பின்னல்துணியில் சிக்கியிருந்தது. துணியும் கூடவே வந்தது. தரையில் புரண்டுகொண்டு, வெள்ளை வாலாக, அடக்கத்துடன் அவரைப் பின்தொடர்ந்தது. அவர் மட்டும் அதை அறியார். பெரியவருக்குரிய மிடுக்கோடு, ஒரு கையால் மாலையைத் தாங்கியபடி நடந்துகொண்டிருந்தார்.

சீனி ஒலிவாங்கியைப் பிடித்தபடி அசையாமல் பார்த்தான்.

"ஐயா" என்றான். அவரை அவன் ஐயா என்று அழைத்தது அதுவே முதன்முறை. "ஐயா, கொஞ்சம் நில்லுங்க. இப்ப நடந்து போவுதே, இது எத்தனாவது வகை?"

மண்டபம் சிரிப்பில் இடிந்தது.

"பாடத்துல இது வரலியே! எல்லா வகையும் சொன்னீங்க, வால் வச்ச வகைய மட்டும் சொல்லலியே! எங்க தோட்டத்து மாட்டையும் எடுத்துக்கிட்டீங்க, எங்க மாமியாரையும் எடுத்துக்கிட்டீங்க. சரி, போவட்டும். மாமியார நீங்களே வச்சுக்குங்க, நான் கேக்கவே மாட்டேன். ஆனா சங்கத்துத் துணிய ஏன் ஐயா இழுத்துக்கிட்டுப் போறீங்க? வூட்ல அக்கா கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"இஞ்சை கொண்டு வரவேண்டாம்! என்னாலை தோய்க்கேலாது!" என்று பெண்கள் பக்கத்திலிருந்து தவமணியின் குரல் தெளிவாகக் கேட்டது.

பஞ்சலிங்கம் திரும்பிப் பார்த்தார். வாலைக் கண்டார். வேட்டி அவிழும் கோமாளியை ஆயுள் முழுதும் இகழ்ந்த தாம், முந்நூறு பேருக்கு நடுவே, அதனினும் கேவலமானதொரு துணியோடு நிற்பதைக் கண்டார். காதுகள் சுட்டன. இது எந்த வகையில் அடங்கும் என்று அவருடைய அறிவு ஒரு முறை ஓடிப் பார்த்து, வெறுங்கையுடன் திரும்பியது. மூக்கின் வழியே காற்று வெளிப்பட்டது. தொண்டையில் உருண்டது. வெடித்தது. கச்சான் கொறித்தவரின் பொட்டலம் கைதவறிச் சிதறியது.

அதன்பின் சீனியை நிறுத்த முடியவில்லை. தயாரித்து வந்ததில் ஒரு சொல்லையும் அவன் தொடவில்லை. ஐயாவின் கண்ணாடியைப் பேசினான். ஆரஞ்சுத் தண்ணீர் குடிக்கும் முறையைப் பேசினான். வீட்டில் சோறு குழைந்துபோனால், அது எவ்வகைக் குழைவு என்று அக்காவுக்கு எடுத்துரைப்பதைப் பேசினான். பஞ்சலிங்கம் நடைபாதையிலேயே மண்டியிட்டுவிட்டார். சதாசிவத்தின் வயிறு, சங்க வரலாற்றில் முதன்முறையாக, ஓய்வின்றி அசைந்தது.

நிகழ்ச்சி முடிந்ததும் மேடையின் பின்புறத்துக்குப் பழனியப்பன் வந்தார். "செவ்வாய்க்கிழமை தைப்பிங்ல ஷோ. வந்துரு. பலகைக் கிடங்குல சொல்லிட்டு வந்துரு" என்றார். சீனி தலையாட்டினான். "ஆனா அந்த நடையும் வேணும்பா. அது இல்லேன்னா பாதி போச்சு. பெரியவரே, நீங்களும் வர முடியுமா?"

பஞ்சலிங்கத்தின் நெஞ்சு ஒரு கணம் விம்மியது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எதிர்பாராதது மீண்டும் நிகழ்த்தப்படுமாயின்…" என்று தொடங்கினார்.

"இவருக்கு லீவு இல்லை" என்று தவமணி குறுக்கிட்டார். "தம்பி, நீயே நட. மாலையைப் போட்டுக்கொண்டு நீயே சோபாவிலை இருந்து எழும்பி வா. கஷ்டமில்லை, இஞ்சை பார்."

கைப்பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டார். மோவாயை உயர்த்தினார். இல்லாத மாலையொன்றை ஒரு கையால் தாங்கியபடி, பழைய திரைச்சீலைகளுக்கும் உடைந்த நாற்காலிகளுக்கும் இடையே, முழுப் பெருமிதத்துடன் நடந்தார். பழனியப்பன் சுவரைப் பிடித்துக்கொண்டார். பஞ்சலிங்கம் வாய் பிளந்து நின்றார். நல்ல நகைச்சுவையைத் தேடி ஈப்போவின் மண்டபங்களை எல்லாம் அளந்த தமக்கு, இவரோடு இத்தனை காலம் ஒரே மேசையில் உணவருந்தியும் இது தெரியாமற் போயிற்றே!

"அக்கா, களுத்து இன்னும் தூக்கணுமா?" என்று கேட்டபடி சீனி பின்னால் நடந்து பழகினான்.

"தூக்கு. பெரியாக்களின்டை கழுத்து."

"நான் அப்பிடியே நடந்தனான்?" என்று பஞ்சலிங்கம் கேட்டார். மூவரும் வேலையில் ஆழ்ந்திருந்தனர். சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். சீனியின் நடையில் ஏதோ குறைவது அவருக்குப் புலப்பட்டது.

"அதில்லை, சீனி. இடக்கால் கொஞ்சம் இழுபடவேணும். சோபா தாழ்வெல்லே, முழங்கால் பிடிச்சுப்போட்டுது. இப்பிடி" என்று அக்கறையோடு நடந்து காட்டினார்.

மூவரும் சிரித்தார்கள். தவமணியின் கண்களில் நீர் வந்துவிட்டது. எதற்கென்று பஞ்சலிங்கத்துக்கு விளங்கவில்லை, கேட்கவும் இல்லை. பையன் செவ்வாய்க்கிழமைக்குள் கற்றாக வேண்டுமே என்று, திரும்பிப் போய், முதலிலிருந்து இன்னொரு முறை நடந்தார்.