ஒடுவோர் பெயருள்ள குளவி

ஒடுவோர் என்பவன் ஏரியில் மூழ்கிச் செத்து மூன்று வருடம் ஆயிற்று. உடல் கிடைக்காததால் வழக்கப்படி யாகோ மரத்தின் நீண்ட காய் ஒன்றைத் துணி சுற்றி, அவனுக்குப் பதிலாகக் குழியில் புதைத்தார்கள். அப்படியும் அவன் அடங்கவில்லை.

மக்காச்சோளக் கொல்லைகளில் தண்டுப்புழுவின் முட்டைகளைத் தேடிப் பொறுக்கி வந்தவன் அவன். அந்த முட்டைகளுக்குள்ளே வளர்ந்து வெளிவரும் குளவிகளை நுண்ணோக்கியில் பார்த்து இனம் சொல்பவன் அவன் நண்பன் ஒகெல்லோ. ஆகவே தொந்தரவும் ஒகெல்லோவுக்குத்தான். மத்தியானம் உகாலிக் களி தின்றுவிட்டு மேஜையில் தலை சாய்த்தால் போதும், ஒடுவோர் கனவில் சொட்டச் சொட்ட வந்து நிற்பான்.

“குழியில காயைப் போட்டு மூடிட்டீங்க. என் பேரை எங்கடா வெச்சீங்க?”

செத்தவர் கனவில் வந்து கேட்டால் பிறக்கும் பிள்ளைக்கு அந்தப் பெயரை வைக்க வேண்டும் என்பது ஊர் வழக்கம். ஒகெல்லோவுக்குப் பிள்ளை இல்லை. இருந்ததெல்லாம் எள்ளைவிடச் சின்னக் குளவிகள். ஒடுவோர் கடைசியாகக் கொண்டுவந்த முட்டையிலிருந்து இறக்கையில்லாத ஆண் குளவி ஒன்று வந்திருந்தது. அதைப் புதிய சிற்றினம் என்று அறிவித்து, நண்பன் பெயரைச் சூட்டினான். ஆய்விதழில் அச்சாயிற்று. கனவும் நின்றது.

போன வாரம்தான் வினை. நூறு வருடமாகப் பெயருள்ள பழைய சிற்றினத்துப் பெண் குளவி ஒன்றை, ஒடுவோர் பொறுக்கிய அதே கொல்லையின் தண்டுப்புழு முட்டைக் கொத்தோடு குழாயில் அடைத்திருந்தான். அதன் மகன்கள் முதலில் துளைத்துக்கொண்டு வந்தன. ஒடுவோர் பெயர் பெற்ற குளவியைப் போலவே ஒன்றுக்கும் இறக்கை இல்லை. தங்கைகள் வரும்வரை முட்டைகளின்மேல் காத்து நின்றன. தங்கைகள் இறக்கையோடு, தாயை அப்படியே உரித்து வைத்தாற்போல் வந்தன. இந்த முட்டையில் வளர்ந்தால் ஆணுக்கு இறக்கை முளைப்பதில்லை, அவ்வளவுதான்! புதுச் சிற்றினமும் இல்லை, மண்ணும் இல்லை. ஓர் இனத்துக்கு இரண்டு பெயர் வந்தால் முந்திய பெயர்தான் நிற்கும். ஒடுவோரின் பெயர் இறங்க வேண்டும்.

குழாயைக் கழுவிவிட்டால் யாருக்கும் தெரியாது. தொட்டிவரை கொண்டுபோய், கழுவாமல் திரும்பினான். அன்று மத்தியானமே ஒடுவோர் வந்துவிட்டான். குழாயையே பார்த்துக்கொண்டு நின்றான். அதுதான் தாங்கவில்லை.

சனிக்கிழமை ஒடுவோரின் மனைவி அகேயோவைத் தேடிப் போனான். அவள் முற்றத்தில் சின்ன மீன்களைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

“என்ன கொழுந்தனாரே, மூஞ்சி வெளிறிக் கெடக்கு? மறுபடியும் வந்துட்டாரா?”

“குளவிக்கு வெச்ச பேரை எடுக்கணும் அண்ணி. நான் தப்பாச் சொல்லிட்டேன்.”

“அழிச்சிடுவீங்களா?”

“அழிக்க முடியாது. பழைய பேருக்குக் கீழ ஒரு வரியில எப்பவும் கெடக்கும்.”

“கீழயா? உசுரோட இருந்தப்பவும் எனக்குக் கீழதான் இருந்தாரு. பழக்கம்தான்.” சிரித்தாள். பிறகு யாகோக் காய் புதைந்திருக்கும் மேட்டைப் பார்த்தாள். “நாங்க காயைத்தான் பொதைச்சோம், ஆளைப் பொதைச்சோம்னு ஒருத்தர்கிட்டயும் சொல்லல. நீங்க மட்டும் ஏன் பொய் சொல்லிட்டுத் திரியிறீங்க?”

திங்கட்கிழமை ஒகெல்லோ திருத்தத்தை எழுதி அனுப்பினான். பழைய பெயர், அதற்குக் கீழே சற்று உள்தள்ளி நண்பன் பெயர். களி தின்றான். திட்ட வந்தால் உட்கார்ந்து திட்டட்டும் என்று எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுத் தலை சாய்த்தான்.

யாரும் வரவில்லை. நாற்காலியை அவன் இன்னும் எடுத்து வைக்கவில்லை.