எண்ணூற்று எழுபத்திரண்டாம் குடும்பம்

செவ்வாய்க்கிழமை காலை ரத்தினம்மா ஹார்ட் டிஸ்க்கின் சுவிட்சைப் போட்டாள். பச்சை விளக்கு எரிந்தது. கணினித் திரையில்தான் ஒன்றும் வரவில்லை. மேசைமேல் இருந்த அந்தக் கறுப்புப் பெட்டிக்குள்ளிருந்து டக், டக், டக் என்று ஒரு சத்தம் கேட்டது. கொஞ்சம் நின்றது. பிறகு மறுபடியும் தொடங்கியது.

எதிரே கதிரையின் நுனியில் பேச்சியம்மா உட்கார்ந்திருந்தாள். புசல்லாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவள். முதல் பஸ்ஸில் ஏறி வந்திருந்தாள். அவள் புருஷன் ராஜலிங்கம் கண்டி டவுனில் ஒரு பேக்கரியில் வேலை செய்தான். ஞாயிற்றுக்கிழமை நடந்த சுற்றிவளைப்பில், கையில் அடையாள அட்டை இல்லை என்று அவனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அட்டை எங்கே இருக்கும்? மூன்று மாதத்துக்கு முன்னால் அவர்கள் குடியிருந்த லய வரிசை வீட்டில் தீப்பிடித்தபோது அட்டை, பிறப்புச் சான்றிதழ், பிரஜாவுரிமைக் கடிதம் எல்லாம் தகரப் பெட்டியோடு கருகிப் போயிருந்தன; கொழுந்து எடுக்கப் போயிருந்த பேச்சியம்மாவின் கையோடு இருந்த அவள் அட்டை மட்டும்தான் மிஞ்சியது.

"அதுக்குள்ள இருக்குதானேங்க?" என்றாள் பேச்சியம்மா. "போன வருஷம் நீங்கதானே தோட்டத்துக்கு வந்து எல்லாத்தையும் படம் புடிச்சிட்டுப் போனீங்க."

"இருக்கு. கொஞ்சம் இருங்க."

ரத்தினம்மா வயரைக் கழற்றி வேறு வயர் மாட்டினாள். அதே சத்தம்தான். சட்டென்று சுவிட்சை நிறுத்தினாள்.

அது இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு. இலங்கையின் வடக்கில் சண்டை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. கண்டியில் சந்திக்குச் சந்தி அட்டை கேட்டார்கள். அட்டை இல்லாத தமிழன் அன்று மாலை வீடு திரும்புவது நிச்சயமில்லை. ஆனால் தோட்டத்து ஆட்களிடம் கடதாசி நிலைப்பதில்லை. கறையான் அரிக்கும், கூரை ஒழுகும், லயம் எரியும். அதனால்தான் சட்டத்தரணி நவரட்ணராஜா டவுனில் ஒரு கடைக்கு மேலே இரண்டு அறை எடுத்து, தோட்டத்துக் குடும்பங்களின் பத்திரங்களைப் படம் பிடித்துச் சேர்க்கும் வேலையைத் தொடங்கியிருந்தார். புசல்லாவைத் தோட்டமொன்றில் பிறந்த ரத்தினம்மா நான்கு வருடமாக அந்த வேலையைச் செய்தாள். ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று குடும்பங்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். எண்களெல்லாம் ஒரு கொப்பியில். ராஜலிங்கத்தின் குடும்பம் எண்ணூற்று எழுபத்திரண்டு.

பத்தரை மணிபோல நவரட்ணராஜா நீதிமன்றத்திலிருந்து வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பத்தைந்து வயது இருக்கும். விஷயத்தைக் கேட்டதும் கறுப்புக் கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தார்.

"வேற எங்கையாவது இன்னொரு பிரதி இருக்குத்தானே, பிள்ளை?"

ரத்தினம்மா இல்லை என்று தலையை ஆட்டினாள். கணினி நிரம்பிப்போனபோது எல்லாவற்றையும் இந்தப் பெட்டிக்கு மாற்றிவிட்டுக் கணினியிலிருந்து அழித்திருந்தாள். பெட்டிக்குள் போனால் பத்திரம் என்ற நினைப்பு. சீடியில் எழுதி வை என்று அவர் இரண்டு தடவை சொன்னது உண்மை. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று ஆறு மாதம் போய்விட்டது.

அவர் ஏசவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"வியாழக்கிழமை ராஜலிங்கத்தை நீதவானுக்கு முன்னால கொண்டு வருவினம்," என்றார். "அட்டை இலக்கமும் பிறப்புப் பதிவு இலக்கமும் கிடைச்சால் போதும், நான் கதைச்சு ஆளை எடுப்பன். ரெண்டும் இல்லையெண்டால் தடுத்து வைக்கத்தான் கேப்பினம்." பிறகு தயங்கித் தயங்கி, "ஃபிரிட்ஜுக்குள்ள கொஞ்ச நேரம் வைச்சு எடுத்தால் வேலை செய்யுமாம் எண்டு ஆரோ சொன்னவை..." என்றார்.

"வேணாங்க சேர். கட்டுகஸ்தோட்டையில ரபீகான்னு ஒருத்தவங்க கம்பியூட்டர் திருத்துறாங்க. அவங்ககிட்ட கொண்டு போறேன்."

பெட்டியைத் துவாயில் சுற்றிப் பைக்குள் வைத்தாள். பேச்சியம்மா அலுவலகத்தில் காத்திருக்க மாட்டேன் என்று சொல்லி அவளோடு புறப்பட்டாள். பஸ்ஸில் இடம் கிடைத்ததும் ரத்தினம்மா பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பஸ் ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கி ஏறும்போது, பைக்குப் பதிலாகத் தன் உடம்பைக் குலுங்க விட்டாள்.

போன புதன்கிழமை நடந்தது அவளுக்கு மட்டும்தான் தெரியும். கமராவின் வயர் அவள் காலில் மாட்டி, இழுபட்டு, மேசை ஓரத்தில் இருந்த பெட்டி சீமெந்துத் தரையில் விழுந்தது. அப்போது அறையில் யாரும் இல்லை. எடுத்து மாட்டிப் பார்த்தாள், வேலை செய்தது. நல்லகாலம் என்று மூச்சு விட்டாள். அதன் பிறகு அதைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கவில்லை.

மகாவலிப் பாலத்துக்கு முன்னால் எல்லாரையும் இறக்கிச் சோதித்தார்கள். இளவயது சிப்பாய் ஒருவன் துவாயை விரித்துப் பெட்டியைக் கையில் எடுத்து, தலைகீழாகத் திருப்பினான்.

"மேக்க மொகத்த?" இது என்ன என்று சிங்களத்தில் கேட்டான்.

"கம்பியூட்டர் பாட் எக்கக், மஹத்தயா," என்றாள், கம்பியூட்டர் பாகம் ஒன்று என்று. பயத்தில் வாயில் வந்ததைச் சொன்னாள். "லெட வெலா. பெஹெத் கன்ன யனவா." நோய் வந்துவிட்டது, மருந்து எடுக்கப் போகிறோம்.

சிப்பாய் அவளையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தான். உதடு லேசாக அசைந்தது. இரண்டு பேருடைய அட்டைகளையும் வாங்கிப் பார்த்துவிட்டு, பெட்டியை அவனே துவாயில் சுற்றி, மெதுவாக அவள் கையில் கொடுத்தான்.

ரபீகாவின் கடை ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. முப்பது வயது இருக்கும், அலவத்துகொடக்காரி. புருஷன் கட்டாரில் இருந்தான். சுவரெல்லாம் திறந்து கிடந்த கணினிகள். வேலை நடந்துகொண்டிருந்த மேசையை ஒதுக்கிப் பெட்டியை வாங்கினாள்.

"என்ன நடந்தீக்கி அக்கா? கரண்ட் போய் வந்திச்சா? உழுந்திச்சா?"

"இல்ல. விழல," என்றாள் ரத்தினம்மா.

ரபீகா திருகாணிகளைக் கழற்றி, வெளிப் பெட்டியை நீக்கி, உள்ளே இருந்த டிஸ்க்கைத் தன் கணினியோடு நேரே இணைத்தாள். "அப்போ முழுசா ஒரு சோதனை ஓட விட்டுப் பாப்போம்," என்று சொல்லிச் சுவிட்சில் விரலை வைத்தாள்.

"கொஞ்சம் இருங்க," என்றாள் ரத்தினம்மா. "விழுந்துச்சு. போன புதன்கிழமை. மேசையிலேருந்து. நான்தான் தட்டி விட்டேன்."

பேச்சியம்மா திரும்பிப் பார்த்தாள். ரபீகா விரலை எடுத்தாள்.

"ஏன் முதல்ல செல்லல்ல?"

"பயம்."

"நல்லகாலம் இப்பவாவது சென்னீங்க. சோதனைய ஓட விட்டிருந்தா இது செத்திருக்கும். உள்ள தட்டு சுத்துது, அதுக்கு மேல ஊசி மாதிரி ஒண்டு ஓடுது. உழுந்தா அந்த ஊசி அடிபடும். ஓட ஓடத் தட்டச் சுரண்டும். எனக்கு இதத் தொறக்க ஏலா. ஒரு தூசி போனாலும் முடிஞ்சுது. ஃபிரிட்ஜில கிரிட்ஜில வச்சீங்களா?"

"இல்ல."

"நல்லது. வச்சிருந்தா உள்ளுக்க வேர்த்துப் போயீக்கும்."

டிஸ்க்கை ஒரு தடித்த புத்தகத்தின்மேல் சமமாக வைத்து, மின்விசிறியை அதன் பக்கம் திருப்பினாள். சுவிட்சைப் போட்டாள். டக், டக். உடனே நிறுத்தினாள். ஐந்து நிமிடம் பொறுத்து மறுபடி போட்டாள். டக், டக். மூன்றாவது தடவை அந்தச் சத்தம் இரண்டு முறை கேட்டுவிட்டு நின்றது. அதற்குப் பதிலாக மெல்லிய இரைச்சல் ஒன்று எழுந்தது. திரையில் டிஸ்க்கின் பெயர் வந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்," என்றாள் ரபீகா. கையை மேசையிலிருந்து எடுக்கவில்லை. "கேளுங்க அக்கா. ரெண்டு வழி ஈக்கு. ஒண்டு, தொடக்கத்திலேருந்து முடிவு வரைக்கும் அப்படியே வேற டிஸ்க்குக்கு இறக்குற. வாசிக்க ஏலாத இடத்தத் தாண்டிப் போய், நல்லதயெல்லாம் முதல்ல அள்ளும். அதுதான் இதுக்கு நல்லம். ஆனா வெள்ளிக்கிழம வரைக்கும் போகும். மத்தது, இவங்கட ஃபைல மட்டும் தேடி எடுக்குற. தேடப் போனா ஊசி அங்கயும் இங்கயும் ஓடும். அதோட நிண்டு போனாலும் போகும். அப்ப மத்த ஆயிரத்துச் சொச்சமும் போகும். நீங்க செல்லுங்க."

ரத்தினம்மா பேச்சியம்மாவைப் பார்த்தாள். பேச்சியம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கு என்னா சொல்றதுன்னு தெரியலீங்க," என்றாள். சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

கீழே தெருவில் ஒரு பஸ்காரன் அக்குறணை, மாத்தளை என்று கூவினான். நான்கு வருடம் ஏறி இறங்கிய தோட்டங்கள் ரத்தினம்மாவின் கண்முன் வந்தன. அட்டைப்பூச்சிக் கடியோடு நடந்த மழைநாட்கள். தலையணைக்குள்ளிருந்தும் சாமிப்படத்துக்குப் பின்னாலிருந்தும் ஆட்கள் எடுத்து நீட்டிய பழுப்புக் கடதாசிகள்.

"எண்ணூத்தி எழுபத்திரண்டு," என்றாள். "அத முதல்ல எடுங்க. மத்தவங்க வீட்டுல அனேகமா கடதாசி இன்னும் இருக்கும். இவங்க வீட்டுல இல்ல."

கொப்பியில் எண் இருந்ததால் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. ரபீகா நேரே அந்த இடத்தின் பெயரைத் தட்டினாள். நான்கு படங்கள். முதலாவதைப் பிரதி எடுக்கத் தொடங்கியதும் இரைச்சல் தடுமாறியது. டக். மறுபடி இரைச்சல். முதலாவது வந்துவிட்டது. இரண்டாவது வர வெகுநேரம் எடுத்தது. மூன்றாவதில் டக், டக் என்று அடிக்கத் தொடங்கவும் ரபீகா மின்சாரத்தை நிறுத்தினாள்.

"போதும். வந்ததப் பாப்போம்."

முதல் படம் அடையாள அட்டை. இலக்கம் தெளிவாக இருந்தது. பத்து வருடத்துக்கு முந்திய ராஜலிங்கம், எண்ணெய் தடவி வாரிய தலையோடு, முறைத்துப் பார்த்தான். பேச்சியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டாவது படம் பிறப்புச் சான்றிதழ். மேல்பாதி மட்டும்தான் வந்திருந்தது. கீழே முழுக்கச் சாம்பல் நிறம். ஆனால் பதிவு இலக்கம் மேல்பாதியில் இருந்தது.

ரபீகா இரண்டையும் அச்செடுத்துக் கொடுத்தாள். டிஸ்க்கைக் கடையில் விட்டுப் போக வேண்டும் என்று சொன்னதும் ரத்தினம்மா தயங்கினாள். ஆயிரத்துச் சொச்சம் தமிழ்க் குடும்பங்களின் பெயர், விலாசம், அட்டை இலக்கம். இந்தக் காலத்தில் யார் கையில் போனால் என்ன ஆகும்?

ரபீகாவுக்குப் புரிந்தது. "எங்கட ஊட்டுலயும் செக்கிங் வந்தீக்கி, அக்கா. பெயர்ப் பட்டியலுண்டா எனக்கும் பயம்தான். ஒரு படத்தயும் தொறந்து பாக்க மாட்டேன். இறக்கி முடிஞ்சதும் உங்கட கையாலயே கடவுச்சொல் போட்டுப் பூட்டுங்க. என்னட்டயும் செல்ல வேணாம்."

வியாழக்கிழமை நவரட்ணராஜா அந்த இரண்டு தாளையும், பதிவு இலக்கத்தைக் கொண்டு மாவட்டக் கச்சேரி அலுவலகத்தில் எடுத்த பிறப்புச் சான்றிதழின் உறுதிப்படுத்திய பிரதியையும் சேர்த்து நீதிமன்றத்தில் கொடுத்தார். இலக்கத்தைச் சரிபார்த்துச் சொல்லும்படி நீதவான் உத்தரவிட்டார். பிற்பகல் மூன்று மணிக்கு ராஜலிங்கத்தை விட்டார்கள். தாடியும் கசங்கிய சட்டையுமாக வெளியே வந்தவன் பேச்சியம்மாவைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "பேக்கரியில சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன், சொல்லிட்டேன். வா," என்றாள் பேச்சியம்மா. சொல்லிக்கொண்டே அழுதாள்.

அன்று ரத்தினம்மா நவரட்ணராஜாவிடம் விழுந்த கதையைச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஓம். அது மேசை ஓரத்தில இருந்ததை நானும் மாசக்கணக்காப் பாத்துக்கொண்டுதான் இருந்தனான். தள்ளி வைக்கவேணும் எண்டு எனக்கும் தோன்றேல்லை. சரி, இனி என்ன செய்யிறம்?"

வெள்ளிக்கிழமை மாலை ரபீகா தொலைபேசியில் அழைத்தாள். டிஸ்க் அடியோடு நின்றுவிட்டது. அதற்கு முன்னால் ஆயிரத்து எண்பத்திரண்டு குடும்பங்களின் பத்திரங்கள் வந்து சேர்ந்திருந்தன. அறுபத்தொன்று போய்விட்டது.

ரத்தினம்மா அறுபத்தொரு எண்களையும் கொப்பியிலிருந்து ஒரு தாளில் எழுதினாள். சில எண்களுக்குரிய முகம் நினைவுக்கு வந்தது; சில எண்களுக்கு வரவில்லை. மிஞ்சியதை மூன்று டிஸ்க்குகளில் ஏற்றிக் கடவுச்சொல் போட்டாள். ஒன்று அலுவலக அலுமாரியில், ஒன்று நவரட்ணராஜாவின் வீட்டில், ஒன்று ரபீகாவின் கடையில். மாதத்தில் முதல் திங்கட்கிழமை மூன்றையும் திறந்து பார்ப்பது என்று நாட்காட்டியில் குறித்தாள்.

அடுத்த சனிக்கிழமை கமராவோடு புசல்லாவை பஸ் ஏறினாள். அறுபத்தொன்றில் இருபத்து மூன்று குடும்பம் ஒரே தோட்டத்தில் இருந்தது. முதல் வீடு அங்கம்மாவினுடையது. அரை நாள் வேலை முடிந்து வந்து, கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"போன வருஷந்தானே எடுத்துட்டுப் போன? மறுபடியும் எதுக்கு?"

"தொலைஞ்சு போச்சுங்க. என்னாலதான். கீழ போட்டுட்டேன். வேற பிரதியும் எடுத்து வைக்கல. இப்ப மூணு எடத்துல வைக்கிறோம்."

அங்கம்மா முகத்தைச் சுளித்தாள். கையைத் துடைத்தாள். ஒரு நிமிடம் திட்டப்போகிறாள் என்றே ரத்தினம்மா நினைத்தாள்.

"வந்து சொன்னியே," என்றாள் அங்கம்மா. உள்ளே போய், பொலித்தீன் பையில் சுற்றிய கடதாசிகளைக் கொண்டு வந்து வாசல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாக விரித்தாள். கடைசியில் இருந்த பிறப்புச் சான்றிதழ் புத்தம்புதியது. மடிப்புக்கூட விழவில்லை.

"இது புதுசா இருக்கே?"

"எம் மகளோட புள்ள. பொறந்து நாப்பது நாளாச்சு. அவங்க அடுத்த லயத்துல தனியா இருக்காங்க. இதயும் புடிச்சுக்க."

ரத்தினம்மா கொப்பியை முழங்காலில் வைத்து விரித்தாள். கடைசி எண்ணுக்குக் கீழே ஒரு கோடு போட்டு, 1144 என்று எழுதினாள். பிறகு எழுந்து, சாமான் எதுவும் இல்லாத தட்டையான இடமாகப் பார்த்து, சுவரோரமாகக் கமராப் பையை வைத்தாள்.