அகல டயர்

குளிப்பாட்டத் தண்ணீர் கொண்டுவந்த குடத்தைத் தோளிலிருந்து இறக்கும்போதே நாகராஜன் பார்த்துவிட்டான். பந்தலுக்குப் பின்னால், நூல் மூட்டைகள் அடுக்கியிருந்த சுவரோரம், அக்கா புருஷன் குமரவேல் பாவா, நைனாவின் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துப்போட்டு அதன் பின்சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

உள்ளே கண்ணாடிப் பெட்டியில் அவனைப் பெற்ற நைனா படுத்திருந்தார். நேற்றுக் காலை தறியை ஓடவிட்டுவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான், எழவில்லை. சென்னையிலிருந்து அக்கா பானுப்ரியாவும் பாவாவும் வந்து சேர்ந்தார்கள். கண்ணைத் துடைத்த கையோடு இந்த மனுஷன் ரிப்பேர் வேலைக்கு உட்கார்ந்துவிட்டாரே!

"இன்னா பாவா பண்றீங்க?"

"டயர் மாத்திகினு கீறேன் மச்சான். இந்த ஞாயித்துக்கெழமை எடுத்தாந்து மாட்டித் தர்றேன்னு மாமா கையில சொல்லியிருந்தேன். முன் சக்கரத்துக்கு மாட்டிட்டேன், இது ஒண்ணுதான் பாக்கி." பாவா தலை நிமிரவில்லை. "ரோட்டுப் பள்ளத்துல கை அதிருதாம். ரெண்டு வெரல் மரத்துப் போவுது, கொஞ்சம் அகலமா போட்டுக் குடுன்னாரு."

நாகராஜனுக்குச் சுருக்கென்றது. மரத்துப்போகும் அந்த இரண்டு விரல்களைப் பற்றி நைனா தன்னிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறார் என்று நினைத்திருந்தான். அதையும் மருமகனிடம் ஒப்பித்தாகிவிட்டதா?

அந்த ரேஸ் சைக்கிளே பாவா கொடுத்ததுதான். தான் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டபோது பழையதை மாமனாருக்குக் கொண்டுவந்தார். அன்றிலிருந்து நைனா வேறு ஆளாகிவிட்டார். சனி ராத்திரியே பாவா சென்னையிலிருந்து வந்துவிடுவார்; ஞாயிறு விடிந்தால் மாமனாரும் மருமகனும் அம்மையார்குப்பத்திலிருந்து கிளம்பி, திருத்தணி மலைமேல் ஏறி, இட்லி தின்றுவிட்டுத் திரும்புவார்கள். தெருமுனையில் வரும்போதே நைனாவின் சிரிப்பு கேட்கும். அப்படி என்னதான் பேசுவார்களோ! வாரம் முழுக்கப் பக்கத்துத் தறியில் நிற்கிற மகனிடம் நூல் அறுந்த கதையையும் கரண்ட் போன கதையையும் தவிர அவருக்கு வேறு பேச்சு இருந்ததில்லை. நாகராஜனுக்கு வயிறு எரியும். சோற்றில் கைவைத்தாலும் எரியும்.

அவனுக்கென்று இருந்தது சனிக்கிழமை சாயங்காலம் காற்றடிக்கிற வேலை மட்டும்தான். அவன் பம்பை அழுத்துவான். நைனா டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து, "கொஞ்சம் எறக்குடா, கை அதிருது" என்பார். அவன் வால்வைத் தொட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவான். "ஆங், போதும்." அவ்வளவுதான் பேச்சு. அதுவே அவனுக்கு ஒரு வாரத்துக்குத் தாங்கும்.

பாவா புது டயருக்குக் காற்றடித்துவிட்டுச் சக்கரத்தை மாட்டப் பார்த்தார். உள்ளே போகவில்லை. ரிம்மைக் கவ்வுகிற பிரேக், ஒல்லி டயருக்காகச் செய்தது. உப்பிய டயர் இரண்டு பிரேக் கட்டைகளுக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது. காற்றை இறக்கி மாட்டிவிட்டு அப்புறம் அடித்தால் வேலை முடிந்தது. நாகராஜனுக்கு அது தெரியும். வாயைத் திறக்கவில்லை. எல்லாம் தெரிந்த மருமகன்தானே, முழிக்கட்டும் என்று குடத்தைத் துடைத்துக்கொண்டு நின்றான். சாவு வீட்டில் அவனுக்கு அது ஒரு சந்தோஷமாகவே இருந்தது, வெட்கக்கேடு.

பாவா எப்படியோ பிரேக்கை விரித்துச் சக்கரத்தைத் திணித்துவிட்டார். பிறகு, ஒல்லி டயருக்கு அடிக்கிற மாதிரியே, கல்லாகிற வரைக்கும் மறுபடி பம்பு அடித்தார். சுற்றிவிட்டதும் டயரின் முதுகு பிரேக்கின் அடியில் உரசியது.

"லேசா தேய்க்குது. வுடு, இனிமே யாரு ஓட்டப் போறா."

பாடை எடுக்கும் நேரத்தில் அக்கா, "நைனா சைக்கிளும் கூட வரட்டும்" என்று அழுதாள்.

"நான் தள்ளிகினு வரேன்" என்றான் நாகராஜன்.

பெரியவர் பங்காரு அவனை ஏற இறங்கப் பார்த்தார். "கொள்ளிச்சட்டிய அப்ப யாருடா தூக்குறது? புள்ள நீ இருக்க சொல்லோ? மருமவன் தள்ளட்டும். நீ முன்னால நட. திரும்பிப் பாக்கக் கூடாது."

மகன் என்கிற உரிமையில் கையில் சட்டி வந்தது. ஈர வேட்டியோடு அதைத் தூக்கிக்கொண்டு நடந்தவனுக்கு, சட்டியைப் பாவாவிடம் கொடுத்துவிட்டு அந்த ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்ள முடிந்தால் போதும் என்றிருந்தது.

தெருமுனையில் பெண்கள் நின்றுகொண்டார்கள். மேளமும் மூச்சு வாங்க நின்றது. அப்போதுதான் முதுகுக்குப் பின்னால் அது கேட்டது. சர்ரக். சர்ரக். சக்கரம் சுற்றச் சுற்ற டயர் தேய்ந்தது.

தேயட்டும், ஊரே கேட்கட்டும் என்று நினைத்தான். மருமகன் மாட்டிய லட்சணம்.

சர்ரக். சுடுகாட்டுப் பாதை முழுக்கப் பள்ளம். சைக்கிள் ஒவ்வொன்றிலும் இறங்கி ஏறும்போது ஹேண்டில்பார் தடதடவென்று அதிர்வது கேட்டது. தொட்டுப் பார்க்காமலே அந்த டயரின் கல்லுத்தனம் அவன் கட்டைவிரலுக்குத் தெரிந்தது.

நாகராஜன் நின்றுவிட்டான். பின்னால் வந்த பாடையும் நின்றது.

"இன்னாடா?" என்றார் பங்காரு.

அவன் திரும்பவில்லை. "பாவா, காத்தை எறக்குங்க."

"இப்பவா மச்சான்?"

"நைனா கைக்கு இவ்ளோ காத்து ஆவாது."

ஸ்டாண்டு இல்லாத சைக்கிளை யாரோ பிடித்துக்கொள்கிற சத்தம் கேட்டது. பிறகு உஸ்ஸென்று காற்று இறங்கியது.

"இன்னும் கொஞ்சம்" என்றான், சட்டியின் புகையைப் பார்த்துக்கொண்டே.

உஸ்ஸ்.

"இன்னும்."

காதைக் கொடுத்துக் கேட்டான்.

"ஆங், போதும்."

நடந்தான். பின்னால் சக்கரம் எதிலும் படாமல் டிக் டிக் டிக்கென்று வந்துகொண்டிருந்தது.